கப்பல் என்றால் நாலாம் பெட்டி

1. தாடி

முதல் நாள் ஒட்டுத் தாடியைத் தலைகீழாக ஒட்டிக்கொண்டு போய்விட்டேன். தி. நகரில் ஒரு மண்டபத்தின் இரண்டாம் மாடியில் ஆறு வயதுப் பையனுக்குப் பிறந்தநாள். லிஃப்டில் என்னோடு ஏறிய கேட்டரிங் ஆள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தலைவா, தாடி மேல பாத்துக்கினு கீது." பிய்த்துத் திரும்ப ஒட்டுவதற்குள் கதவு திறந்துவிட்டது. கன்னம் எரிய எரிய உள்ளே போனேன். பிள்ளைகள் சிரித்தார்கள். வேலை கிடைத்துவிட்டது.

அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் அதே தி. நகரில் ஒரு செருப்புக் கடையில் விற்பனையாளனாக இருந்தேன். பத்தாம் வகுப்போடு நின்றவனுக்கு அது நல்ல வேலை. யாரிடமும் முகம் பார்த்துப் பேச எனக்கு வராது. செருப்புக் கடையில் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, பாதத்தைப் பார்த்தால் போதும். நடந்து வருகிற பாதத்தைப் பார்த்தே நம்பர் சொல்லிவிடுவேன். முதலாளியின் பிள்ளைகள் கடையை விற்றுவிட்டார்கள். எனக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது.

பாபு எங்கள் சாந்தோம் பக்கத்துக்காரர். அடையாறில் ஒரு கார் ஷெட்டை வாடகைக்கு எடுத்துப் பிறந்தநாள் நிகழ்ச்சிகள் நடத்திக் கொடுக்கும் தொழில் செய்கிறார். ஷெட்டில் எட்டு தகரப் பெட்டிகள் இருக்கும். வாடிக்கையாளர் படிவத்தில் எந்தத் தீம் எழுதினாலும் அது இந்த எட்டில் ஒன்றுக்குள் அடங்கியாக வேண்டும். ராஜா ராணி ஒன்றாம் பெட்டி. காடு, மிருகம் இரண்டாம் பெட்டி. கடல், தீவு, புதையல், மீன், கப்பல் எல்லாமே நாலாம் பெட்டி. அதில் இருந்தது ஒரே வேஷம், கடற்கொள்ளைக்காரன். சிவப்புக் கோட்டு, மூன்று முனைத் தொப்பி, கண் மறைப்பு, பிளாஸ்டிக் கொக்கி, ஸ்பாஞ்ச் கத்தி, தோளில் குத்திக்கொள்ள ஒரு துணிக் கிளி. அந்தக் கோட்டு உயரமான ஆளுக்குத் தைத்தது. அதனால் நாலாம் பெட்டி என்னுடையதாயிற்று.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கறுப்புத் துணியால் ஒரு கண்ணை மறைத்தால் எனக்குப் பேச்சு வந்தது. எழுபது பேர் நடுவில் நின்று, "எவன்டா என் புதையலைத் தொட்டது?" என்று கத்த முடிந்தது. கழற்றியதும் கேக் கொண்டுவந்து கொடுப்பவரிடம் நன்றி சொல்லக்கூட வாய் வராது.

2. பத்து வயதுக்காரியின் கேள்வி

இரண்டு வருடம் அப்படியே ஓடியது. பிறகு மயிலாப்பூரில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் நிகழ்ச்சி. பிறந்தநாள் பையனின் அக்கா, பத்து வயதிருக்கும், முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் புதையல் வரைபடத்தை விரித்ததும் எழுந்துவிட்டாள்.

"மாமா, பைரேட்ஸ் புதையலைப் புதைச்செல்லாம் வைக்க மாட்டாளாம். கொள்ளையடிச்சதைக் கரைக்கு வந்த உடனே செலவு பண்ணிடுவாளாம். புஸ்தகத்துல போட்டிருக்கு."

"அப்படியா, யார் எழுதின புஸ்தகம்?" என்று குரலை உயர்த்தினேன்.

"பலகை மேல நடக்க விட்டுத் தண்ணியில தள்றதும் பொய்யாம். கிளியும் பொய்யாம். நீங்க இதெல்லாம் படிச்சுட்டு வரவே மாட்டேளா?"

பெரியவர்கள் சிரித்தார்கள். அவள் அம்மா, "வாயை மூடிண்டு கேக்கைச் சாப்பிடுடி. சாரி சார், ஆத்துலயும் இப்படித்தான், எல்லாரையும் குடைஞ்சுண்டே இருப்பா" என்றார். நானும் சிரித்தேன். அன்றைக்கு பஸ்ஸில் திரும்பும்போது அந்தக் கேள்வி கூடவே வந்தது. படிக்காதவன் என்பது தொப்பியைப் போட்டாலும் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் கிளை நூலகத்தில் உறுப்பினரானேன். தமிழில் கிடைத்தவற்றைப் படித்தேன். ஆங்கிலத்தில் படம் போட்ட குழந்தைப் புத்தகம் ஒன்றை அகராதி வைத்துக்கொண்டு மூன்று மாதத்தில் முடித்தேன். பல கப்பல்களில் கொள்ளைக்காரர்கள் ஓட்டுப் போட்டுத் தலைவனைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். கை போனால் இவ்வளவு, கால் போனால் இவ்வளவு என்று நஷ்ட ஈடு எழுதி வைத்திருக்கிறார்கள். செருப்புக் கடையில் எங்களுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. நூலகத்திலிருந்த பழைய செய்தித்தாள்களில் இன்றைய கொள்ளைக்காரர்களைப் பற்றியும் படித்தேன். ஆப்பிரிக்கக் கரையோரம் சின்னப் படகில் துப்பாக்கியோடு வருகிறார்கள், ஏணி போட்டு ஏறுகிறார்கள், கப்பலையும் ஆட்களையும் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். ஒரு நோட்டில் எல்லாம் எழுதி வைத்தேன். பள்ளிக்கூடத்தில்கூட நான் அப்படி எழுதியதில்லை.

வேஷத்தை மாற்ற ஆரம்பித்தேன். கிளி போயிற்று, கொக்கி போயிற்று. கண் மறைப்பை மட்டும் விடவில்லை, அது எனக்கு வேண்டியிருந்தது. பலகை விளையாட்டுக்குப் பதில் 'கேள்வி நேரம்' வைத்தேன். பிள்ளைகள் என்ன கேட்டாலும் உண்மையை மட்டும் சொல்வேன். பாபுவுக்குப் பிடிக்கவில்லை.

"இன்னா சேவியரு, கொக்கி எங்க?"

"அதெல்லாம் நிஜத்துல அவ்வளவா கிடையாது பாபு."

"நிஜம் பாக்கவா உன்ன கூப்டுறாங்க? நிஜம் வோணும்னா டிவி போட்டா வந்துக்கினே கீது. மாட்டு நைனா கொக்கிய."

வாசல் வரை மாட்டிக்கொண்டு போவேன், உள்ளே போகும்போது கழற்றிப் பைக்குள் போட்டுவிடுவேன். பிள்ளைகள் முன்பைவிடக் குறைவாகத்தான் சிரித்தார்கள். எனக்கு அது உறுத்தவில்லை. மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் முறை.

3. அடையாறு, கீழ்த்தளக் கூடம்

பிறகு வந்த ஒரு படிவத்தில் தீம் என்ற இடத்தில் 'கப்பல்' என்றும், குறிப்பு என்ற இடத்தில் 'அப்பா கப்பலில் இன்ஜினியர்' என்றும் எழுதியிருந்தது. பாபு முதல் வார்த்தையோடு நிறுத்திக்கொண்டு நாலாம் பெட்டியை இழுத்தார். நான் இரண்டையும் படித்தேன். படித்துச் சந்தோஷப்பட்டேன். கப்பல்காரர் வீட்டுப் பிள்ளை, உண்மை சொன்னால் மதிப்பாள் என்று நினைத்தேன்.

அடையாறில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளக் கூடம். நீல பலூன்கள், சுவர் முழுக்கக் காகிதக் கப்பல்கள். கேக் பக்கத்தில் வெள்ளை யூனிஃபார்ம் போட்ட ஒருவரின் படம் இருந்தது. பிறந்தநாள் பெண் அனு, ஏழு வயது. வெள்ளைச் சட்டை போட்டு, தோளில் தங்க நிறப் பரிசுத்தாளைக் கீற்றாக வெட்டி ஒட்டியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தாள்.

"கேப்டன் வரலையா?"

"நான்தான் கேப்டன்" என்று முழங்கினேன்.

பின்னால் காகிதத் தட்டுகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்த அவள் அம்மாவின் கை நின்றது. கொக்கி இல்லாத கொள்ளைக்காரனைப் பார்த்து ஏமாந்துவிட்டார் போல என்று எடுத்துக்கொண்டேன்.

கேள்வி நேரம் வந்தது. ஒரு பையன், "நீங்க எல்லாரையும் கொன்னுடுவீங்களா?" என்று கேட்டான்.

"கொன்னா எங்களுக்கு என்ன லாபம்? கப்பலோட எல்லாரையும் புடிச்சு வச்சுக்குவோம். பணம் வர்ற வரைக்கும் விட மாட்டோம்."

"அது பழைய காலத்துல" என்றான் இன்னொருவன்.

"யார் சொன்னா? இன்னிக்கும் ஆப்பிரிக்கா பக்கம் நடக்குது. மாசக்கணக்குல வச்சிருப்போம்."

அவள் அம்மா தட்டுகளை வைத்துவிட்டு வெளியே போனார். அனு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் மாமா, படிவம் எழுதியவர், என் முழங்கையைப் பிடித்து மோட்டார் அறைப் பக்கம் கூட்டிப் போனார்.

"யாருங்க உங்கள இந்த வேஷத்துல அனுப்பினது? கப்பல்னுதானே எழுதினேன்? வெள்ளை டிரஸ்ஸு, தொப்பி, அவ அப்பா மாதிரி ஒருத்தர் வந்து நிப்பாருன்னுதான் நெனச்சோம்."

"எங்ககிட்ட கப்பல்னா இதுதாங்க இருக்கு."

அவர் மோட்டார் அறைக் கதவைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அவ அப்பா கப்பல் பதினோரு வாரமா நெசமான கொள்ளைக்காரங்க கைலதாங்க இருக்கு. கம்பெனில கேட்டா, பேசிட்டிருக்கோம், பேசிட்டிருக்கோம்ங்கறாங்க. உசுரோட இருக்காரான்னுகூடத் தெளிவா சொல்ல மாட்டேங்கறாங்க. புள்ளைக்குத் தெரியாது. நடுக்கடல்ல டவர் கிடைக்கலன்னு சொல்லி வச்சிருக்கோம். சந்தேகம் வந்துடக் கூடாதுன்னுதான் இந்தப் பர்த்டேயே."

தாடிக்குள் வியர்த்து ஒழுகியது. "நான் கிளம்பிடறேங்க" என்றேன்.

"இப்ப போனா ஏன் போனாருன்னு கேப்பா. போய் முடிச்சுக் குடுங்க. உண்மை கிண்மையெல்லாம் வேணாம். சிரிச்சா போதும்."

பையிலிருந்து கொக்கியை எடுத்து மாட்டினேன். பெட்டியின் அடியில் கிடந்த கிளியைத் தோளில் குத்தினேன். பலூனில் வழுக்கி விழுந்தேன், கொக்கியால் முதுகைச் சொறிந்தேன், கிளியிடம் திட்டு வாங்கினேன், ஸ்பாஞ்ச் கத்தியால் கேக்கை வெட்டப் போய் க்ரீமை மூக்கில் அப்பிக்கொண்டேன். நோட்டில் எழுதிவைத்த ஒவ்வொன்றுக்கும் எதிராக ஒரு பொய்யை நடித்துக் காட்டினேன். பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். அனுவும் சிரித்தாள். திரும்பி வந்து வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள்.

முடிந்ததும் கூடத்துக்கு வெளியே, எல்லோரும் செருப்பு விட்டிருந்த இடத்தில் உட்கார்ந்து பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தேன். அனு வந்து பக்கத்தில் தன் ஷூவை மாட்டினாள். பழக்கம், பாதத்தைத்தான் பார்த்தேன். ஷூ இரண்டு நம்பர் பெரிசு.

"பெரிசா இருக்கேம்மா."

"அப்பா வாங்கிட்டு வந்தது. வளர்ந்து போட்டுக்கோன்னாங்க."

பிறகு மெதுவாகக் கேட்டாள். "அங்கிள், நீங்க புடிச்சு வச்சவங்களுக்குச் சாப்பாடு போடுவீங்களா?"

நான் இவன் இல்லை, இது வேஷம் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். கண் மறைப்பு இன்னும் முகத்தில் இருந்தது. "போடுவோம்" என்றேன்.

"சோறா?"

"சோறுதான். மீன் கொழம்பு."

"அடிப்பீங்களா?"

"மாட்டோம்."

"வீட்டுக்கு போன் பண்ண விடுவீங்களா?"

"விடுவோம். கொஞ்ச நாள் ஆகும்."

மூன்றைப் பற்றியும் நான் படித்திருந்தேன். நான் படித்தது வேறு.

அவள் ஷூவின் பட்டையை ஒட்டினாள், பிரித்தாள், திரும்ப ஒட்டினாள். "நான் கேட்டேன்னு அம்மாகிட்ட சொல்லாதீங்க. அம்மாவுக்குத் தெரியாது."

"என்ன தெரியாது?"

"எனக்குத் தெரியும்னு."

உள்ளே ஓடிவிட்டாள். நான் தாடியையும் கண் மறைப்பையும் கழற்றிப் பெட்டியில் வைத்தேன். சற்று நேரத்தில் அவள் அம்மா ஒரு டப்பாவில் கேக் எடுத்துக்கொண்டு வந்தார். என்னைத் திட்டுவார் என்று எழுந்து நின்றேன். "ரொம்ப நாள் கழிச்சு நல்லா சிரிச்சா. தேங்க்ஸ்ங்க" என்றார். உங்கள் பிள்ளைக்கு எல்லாம் தெரியும், அவளைத் தனியாக விடாதீர்கள் என்று சொல்ல வேண்டும். இரண்டு வரி. அவர் அரை நிமிடம் நின்றார். என் இரண்டு கண்ணும் திறந்திருந்தன. நான் அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் உள்ளே போய்விட்டார்.

4. பிறகு

பாபுவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கிண்டல் செய்யவில்லை. "ரெண்டாவது வரிய நான் படிச்சிருக்கணும் சேவியரு" என்றார். அடுத்த மாதம் வெள்ளை யூனிஃபார்ம் ஒன்று தைத்து ஒன்பதாம் பெட்டி என்று வைத்தார். இன்று வரை அதை யாரும் கேட்கவில்லை.

அனுவின் அம்மாவிடம் சொல்லாமல் விட்ட அந்த இரண்டு வரியையும் நான் ஒரு காகிதத்தில் எழுதி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டே ஐந்து வாரம் தள்ளிப்போட்டேன். வாயால் வராவிட்டால் காகிதத்தைக் கொடுத்துவிடலாம் என்று ஒரு ஞாயிறு கிளம்பினேன். வாசலில் புது வாட்ச்மேன் இருந்தார்.

"கப்பல்காரர் வீடா? காலி பண்ணிட்டு நாகர்கோவில் பக்கம் போய்ட்டாங்கன்னு சொன்னாங்க."

"சார் வந்துட்டாரா?"

"எந்த சாரு? நான் வந்தே பத்து நாள்தான் ஆவுது."

அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வேஷம் சரியா தப்பா என்று நான் ரொம்ப நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கொக்கி இருக்கலாம், இல்லாமல் போகலாம். எதிரில் உட்கார்ந்திருப்பது யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாமல் பொய்யும் சொல்லக் கூடாது, உண்மையும் சொல்லக் கூடாது. இப்போது அரை மணி நேரம் முன்னதாகப் போய், வேஷம் போடாத முகத்தோடு வீட்டாரிடம் பேசுகிறேன். எனக்கு இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. பாபுவின் படிவத்தில் ஒரு வரியும் சேர்த்தோம்: 'எதைப் பற்றிப் பேச வேண்டாம்?' பலர் காலியாக விட்டுவிடுகிறார்கள். போன வாரம் ஒருவர் 'அம்மா' என்று மட்டும் எழுதியிருந்தார். அன்று என் கப்பலில் யாருக்கும் அம்மா இல்லை.

ஆனாலும் அந்த வரியை நிரப்புவது பெரியவர்கள்தான். அனுவின் மாமா அன்றைக்கு அதை நிரப்பியிருந்தால் 'கொள்ளைக்காரர்கள்' என்று எழுதியிருப்பார், நானும் பேசாமல் சிரிக்க வைத்துவிட்டு வந்திருப்பேன். அவளுக்குத் தெரியும் என்பது அப்போதும் யாருக்கும் தெரிந்திருக்காது. அதனால் இப்போதெல்லாம் முடிந்தவுடன் கிளம்புவதில்லை. தாடியைக் கழற்றிவிட்டுச் செருப்புகள் கிடக்கும் இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறேன். கண் மறைப்பையும் கழற்றிவிடுகிறேன்.