மதர்போர்டுக்கு ஒன்பது துளைகள்

எந்த மதர்போர்டு வாங்குவது என்று கடைக்குப் போகும் முன்பே முடிவு செய்திருந்தேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்தது அந்தக் கம்ப்யூட்டர் கடை. கடைக்காரர் என்னைப் பார்த்ததும், "தம்பிக்குங்களா?" என்றார்.

"எனக்குத்தான்."

"ஆபீஸ் வேலைக்கா?"

"கேம் விளையாட."

அவர் சிரிக்கவில்லை. அதனாலேயே அவரிடம் வாங்கலாம் என்று தோன்றியது. என்ன ப்ராசஸர் என்று சொன்னேன். அதற்குப் பொருந்துகிற இரண்டு போர்டுகளைப் பற்றிச் சொன்னார், ஒன்று சின்னது, ஒன்று பெரியது.

"ஒரு கிராஃபிக்ஸ் கார்டு, ரெண்டு ரேம். அதுக்குச் சின்னதே தாராளம்ங்க. பெருசு வாங்கிட்டு பாதி ஸ்லாட்டை சும்மா போட்டு வச்சிருப்பீங்க."

அவர் சொன்னது சரிதான். ஆனாலும் நான் பெரியதைத்தான் கேட்டேன். எங்கள் வீட்டில் எதையும் பின்னால் தேவைப்படும் என்று இடம் விட்டு வாங்கியதில்லை. பீரோ, கட்டில், நாங்கள் குடியிருக்கும் வாடகை வீடு எல்லாமே அன்றைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான். காலி ஸ்லாட் உள்ள ஒரு பொருள் எனக்கு வேண்டியிருந்தது. கையிருப்பு இல்லை, வரவழைக்க ஒரு வாரம் ஆகும் என்றார். சரி என்றேன்.

போர்டை உள்ளே பொருத்துகிற கேபினெட் பெட்டியை அப்பா செய்து தருவதாக ஏற்பாடு. துவாக்குடியில் ஒரு தகட்டு வேலைப் பட்டறையில் அவருக்கு மார்க்கிங் வேலை. தகட்டில் எங்கே வெட்ட வேண்டும், எங்கே துளை போட வேண்டும் என்று கோடிழுத்து, பஞ்ச் என்கிற கூர்முனை உளியை வைத்துச் சுத்தியலால் தட்டிப் புள்ளி அடிப்பார். அந்தப் புள்ளியில்தான் ட்ரில் இறங்கும். அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. எண்ணும் மில்லிமீட்டரும் தெரியும். எழுத்து என்றால் கையெழுத்து மட்டும். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனது நான்தான். இன்ஜினியரிங் முடித்து, ஒரு கம்பெனியில் டிராயிங் போடுகிறேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது.

"போர்டு வரட்டும் பாப்பா. அதைத் தகட்டு மேல வச்சே புள்ளி அடிச்சிக்கிறேன்" என்றார் அப்பா.

"வேணாம்ப்பா. உலகத்துல எங்க செஞ்சாலும் இந்த சைஸ் போர்டுக்கு ஒன்பது ஓட்டை, எல்லாத்துக்கும் ஒரே இடம். நான் டிராயிங் தரேன்."

ஆபீஸிலேயே வரைந்தேன். பெரிய காகிதத்தில் அச்செடுக்க ஸ்ரீரங்கத்தில் வீட்டுக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கூட்டமாக இருந்ததால் மவுஸை என்னிடமே கொடுத்துவிட்டார்கள். அச்செடுத்து வந்து அப்பாவிடம் நீட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அளவே எழுதலையே?"

"எதுக்குப்பா அளவு? நெசமா என்ன சைஸோ அதே சைஸ்ல இருக்கு. அப்படியே ஒட்டிப் புள்ளி அடிங்க."

அவருக்கு வேலையைச் சுலபமாக்கியதாக நினைத்துக்கொண்டேன். ஆபீஸில் நான் போடும் ஒவ்வொரு டிராயிங்கின் மூலையிலும் ஒரு வரி இருக்கும்: படத்தை அளக்காதே, எழுதியிருக்கும் அளவை மட்டும் பார். அன்றைக்கு அந்த வரி என் நினைவுக்கே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதலாளியிடம் கேட்டுக்கொண்டு அப்பா பட்டறையில் வேலை செய்தார். சாம்பல் நிற பெயின்ட் அடித்து, மூலைகளைக் கை கிழிக்காதபடி மழுக்கி, பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டு வந்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் போர்டு வந்தது. அப்பாவோடு வேலை செய்யும் மாமா ஒருவர் அடுத்த தெருவில் இருக்கிறார். அவரும் பார்க்க வந்திருந்தார். போர்டைத் தாங்குகிற பித்தளைக் கால்களைத் தகட்டின் துளைகளில் திருகிவிட்டு, மேலே போர்டை வைத்தேன். முதல் துளை சரியாக உட்கார்ந்தது. அடுத்ததில் காலின் பாதிதான் தெரிந்தது. கடைசித் துளையில் கால் கண்ணுக்கே தெரியவில்லை.

"என்ன மாப்ள, புள்ளி ஊர்வலம் போயிருக்கு?" என்றார் மாமா.

அப்பா குனிந்து விரலால் தடவிப் பார்த்தார். "நடுவுல நாலஞ்சு மில்லி. கடைசில எட்டு இருக்கும்."

தள்ளிப் போகப் போகத் தப்பும் கூடுகிறது என்றால் படமே சுருங்கியிருக்கிறது என்று பொருள். அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"போர்டு தப்பா வந்திருக்கும்ப்பா."

"ஒன்பதும் உலகம் பூரா ஒரே இடம்னியே" என்றார். குற்றம் சாட்டவில்லை, ஞாபகப்படுத்தினார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கண்ணுதான் மச்சான். போன மாசமே கொஞ்சம் மங்கலா இருந்துச்சு."

"வயசாவுதுல்ல? மார்க்கிங்க விட்டுட்டு கிரைண்டிங் பக்கம் வந்துரு. அங்க கண்ணு வேணாம், காது செவிடானாலும் பரவால்ல."

மாமா விளையாட்டாகத்தான் சொன்னார். அப்பா தலையாட்டினார். "இந்த வார வேலை முடியட்டும், திங்கக்கிழமை முதலாளிகிட்ட சொல்லிர்றேன். பெரிய தகட்டுல இப்படி ஆனா அவருக்குத்தான் நட்டம்."

அவர்கள் டீ குடிக்கப் போனதும், கேபினெட்டுக்குள் அப்பா மடித்து வைத்திருந்த காகிதத்தை எடுத்து ஸ்கேலை வைத்தேன். இருநூற்று எண்பத்திரண்டு இருக்க வேண்டிய இடத்தில் இருநூற்று எழுபத்து மூன்றரை இருந்தது. காகிதத்துக்குள் அடங்கட்டும் என்று கம்ப்யூட்டர் படத்தை நூற்றுக்கு மூன்று பங்கு சுருக்கியிருக்கிறது. அதை வேண்டாம் என்று சொல்லும் கட்டம் திரையில் இருந்திருக்கும். நான் பார்க்கவில்லை. தகட்டை அளந்தேன். அதிலும் இருநூற்று எழுபத்து மூன்றரை.

சனிக்கிழமை அந்தக் காகிதத்தோடு கடைக்குப் போனேன். வேறு போர்டுகளைக் காட்டச் சொல்லி, ஒவ்வொன்றின் மேலும் காகிதத்தை விரித்துப் பார்த்தேன்.

"என்னங்க, ஜாக்கெட்டுக்கு அளவு பாக்குற மாதிரி பாக்குறீங்க?" என்றார் கடைக்காரர். நாலாவது பெட்டியைப் பிரிக்காமல் என்னைப் பார்த்தார். "எந்தக் கம்பெனி போர்டா இருந்தாலும் ஓட்டை மாறாதுங்க. அன்னைக்கு சொன்னேன்ல, அந்தச் சின்ன போர்டு, அதுகூட இதுல உக்காராது. உங்க பேப்பர்தான் தப்பு."

"தெரியும்" என்றேன்.

தெரிந்தே போயிருந்தேன். என் தப்புக்குப் பொருந்துகிற ஒரு மதர்போர்டு கிடைத்தால், யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியிருக்காது.

நான் திரும்பி வந்தபோது அப்பா வீட்டு வாசலில் ஒரு பழைய டின் மூடியை வைத்துக்கொண்டு புள்ளி அடித்துக்கொண்டிருந்தார். ஒரு வரிசை முடிந்ததும் அம்மாவைக் கூப்பிட்டார்.

"நேரா இருக்கா பாரு."

"நேராத்தான் இருக்கு. எனக்கென்ன தெரியும்?" என்றாள் அம்மா. "இன்னும் எத்தனை மூடிய ஓட்ட போடுவீங்க? அரிசி டப்பா தொறந்து கெடக்கு."

அன்றைக்கும் நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா வரும்வரை காத்திருந்தேன். அவர் முன்னால் அப்பாவுக்குப் போன பெயர் அவர் முன்னால்தான் திரும்ப வேண்டும். அவர் வந்து உட்கார்ந்ததும் காகிதத்தையும் ஸ்கேலையும் அப்பாவிடம் கொடுத்தேன்.

"இந்த ரெண்டு ஓட்டைக்கும் நடுவுல அளங்கப்பா."

அளந்தார். "எரநூத்தி எழுவத்தி மூணர."

"எரநூத்தி எம்பத்திரெண்டு இருக்கணும். அச்சடிக்கிறப்ப சுருங்கிருச்சு. நான் கவனிக்கல."

அப்பா எழுந்து போய்த் தகட்டை அளந்தார். பிறகு காகிதத்தை இன்னொரு முறை. "இதுவும் எழுவத்தி மூணர, அதுவும் எழுவத்தி மூணர" என்று மாமாவைப் பார்த்துச் சொன்னார். மாமா ஸ்கேலை வாங்கித் தானும் அளந்தார்.

"மயிரிழை வெலகலையே மாப்ள."

"வெலகாது."

"அப்ப கிரைண்டிங்குக்கு ஆள் வரலையா? நான் எடம்லாம் பாத்து வச்சிருந்தேன்."

அப்பா அதற்குச் சிரிக்கவில்லை. என்னிடம் கேட்டார்: "உனக்கு எப்பத் தெரியும்?"

"வியாழக்கிழமையே."

அவர் எழுந்து உள்ளே போனார். மத்தியானச் சாப்பாடு முடிந்த பிறகுதான் என் பக்கம் திரும்பினார். கை கழுவிவிட்டு வந்து, ஒரு பேனாவையும் பழைய காலண்டர் தாளையும் என் முன்னால் வைத்தார்.

"அளவு எழுதிக் குடு."

மூலையிலிருந்து ஒவ்வொரு துளைக்கும் எவ்வளவு என்று எழுதினேன். எழுதியதை அவர் வாய்விட்டுப் படிக்க, நான் போர்டில் ஸ்கேலை வைத்துச் சரிபார்த்தேன். ஒன்பதுக்கும் அப்படிச் செய்தோம். பிறகு பழைய துளைகள் எதிலும் விழாதபடி சற்றுத் தள்ளி, ஒன்பது புதிய புள்ளிகளை அடித்தார். இரவல் ட்ரில்லை மாமா பிடித்தார். போர்டு உட்கார்ந்தது.

"பழைய ஓட்டையை அடைச்சிரலாமாப்பா?"

"இருக்கட்டும். காத்து போகும்."

திங்கட்கிழமை காலையில் பஞ்ச் உளியைத் துணியில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு துவாக்குடி பஸ்ஸுக்குப் போனார். சாயங்காலம் வந்ததும், முதலாளியிடம் ஏதாவது சொன்னீர்களா என்று அம்மா கேட்டாள்.

"என்ன சொல்றதுக்கு இருக்கு?" என்றார்.

கம்ப்யூட்டர் ஓடுகிறது. இரண்டு ரேம் ஸ்லாட்டுகள் இன்னும் காலியாகத்தான் இருக்கின்றன.