‘பண்ணையாள்’ என்று எழுதிவிட்டேன்

1972 ஆகஸ்ட் 21, திங்கட்கிழமை, காலை பத்து நாற்பது. விடியலில் பெய்த தூறல் நின்று, மன்னார்குடியே புழுங்கிக்கொண்டிருந்தது. குத்தகைப் பதிவு விசாரணை நடக்கும் அலுவலகத்தில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். விசாரணை பதினோரு மணிக்குத்தான். நான் ஒன்பதரைக்கே போய்விட்டேன். எங்கேயும் முன்னதாகப் போய்க் கவலைப்பட்டால்தான் எனக்கு நிம்மதி.

அதற்கு ஐம்பத்திரண்டு நாள் முன்பு வரை நான் ஒரு பெரிய பண்ணையில் கணக்குப்பிள்ளை. பதினெட்டு வருஷ வேலை. மாதம் தொண்ணூறு ரூபாய் சம்பளம், தீபாவளிக்கு வேட்டி. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அத்தனை வருஷமும் இன்னொருவர் சொன்னதைத்தான் எழுதினேன். குத்தகைக்கு உழுகிறவர்கள் தங்கள் பெயரைப் பதிந்துகொள்ளலாம் என்று சட்டம் வந்த பிறகு, மனு எழுத ஆள் கிடைக்காமல் பலர் அலைந்தார்கள். தாலுக்கா அலுவலகத்துக்கு எதிரே மரத்தடியில் சொந்தமாக ஒரு மேஜை போட்டால் என்ன என்று தோன்றிவிட்டது.

“மாசச் சம்பளத்த விட்டுட்டு மரத்தடிக்குப் போறீங்களே, மழை பேஞ்சா என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டாள் மனைவி.

“குடை இருக்கு.”

“குடை இருக்கு, சரி. கிராக்கி இருக்கா?”

முதலாளி நல்லபடியாகவே அனுப்பிவைத்தார். தன் சொந்தக்காரர்களின் பத்திர வேலையெல்லாம் எனக்கே வரும் என்றார். அதை நம்பித்தான் மேஜையே வாங்கினேன்.

ஆனால் மூன்றாம் நாள் வந்த முதல் மனு, அதே முதலாளியின் நிலத்தைப் பற்றியது. கொண்டுவந்தவர் தன் அப்பா காலத்திலிருந்து ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர், குத்தகைக்கு உழுதவர். சம்பா நடவுக்கு முன்னால் நிலத்தை விட்டுவிடச் சொல்லிவிட்டார்களாம். பதிவாகிவிட்டால் யாரும் வெளியேற்ற முடியாது. முதல் ஆளைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. ஒன்றரைப் பக்கம் எழுதினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. கைநாட்டு வைத்துவிட்டு, ஒரு தார் வாழைக்காயை மேஜைக்கடியில் வைத்துவிட்டுப் போனார்.

விசாரணை ஆரம்பித்தது. முதலாளியின் வக்கீல் எழுந்து மனுவில் ஒரே ஒரு வரியை வாசித்தார். “மேற்படி பண்ணையில் பண்ணையாளாக இருந்து வரும்...” அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

“பண்ணையாள்னு அவரே எழுதிக் குடுத்திருக்காரு. கூலிக்கு வேலை செய்யிறவருக்கு ஏதுங்க குத்தகை?”

அது என் கை எழுதியது. பண்ணையில் கூலிக்காரர், குத்தகைக்காரர் என்றெல்லாம் நாங்கள் பிரித்துச் சொன்னதில்லை. சேரியிலிருந்து வருகிற எல்லோருமே எங்கள் வாயில் பண்ணையாள்தான். பதினெட்டு வருஷப் பழக்கம் பேனாவிலும் இறங்கிவிட்டது.

மனு கொடுத்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபப்படவில்லை. “நீங்க சரியாத்தானேய்யா எழுதியிருப்பீங்க?” என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

எதிர்ப்பக்கத்தில் முதலாளி உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறந்தால் அவர் வழியாக ஒரு பத்திரமும் வராது. திறக்காவிட்டால் ஒன்பது மாவும் போய்விடும். எழுந்தேன். நான் எழுந்ததை என் கால்கள்தான் முதலில் தெரிந்துகொண்டன.

“அய்யா, அந்த வார்த்தை நான் எழுதுனதுங்க. தப்பு.”

“நீங்க யாரு?” என்று கேட்டார் அதிகாரி.

“அந்தப் பண்ணையில கணக்குப்பிள்ளையா இருந்தவனுங்க. பண்ணையாளுன்னா களத்துல நாங்க அவருக்கு நெல்லு அளந்து குடுப்போம். இவரு ஒவ்வொரு வருஷமும் எங்களுக்கு அளந்தாரு. மரக்கால் பிடிச்சு எண்ணி வாங்குனது நான்தாங்க.”

அதுவரை அவரை நான் ‘வாடா போடா’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். அன்றைக்கு ‘இவரு’ என்று வந்ததை உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன்.

வெளியே வந்ததும் முதலாளி என் பக்கத்தில் நின்றார். “பதினெட்டு வருஷம் மசி வாங்கிக் குடுத்தவன் நானு. அத என் சட்டையிலயே தெளிச்சிட்ட” என்றார். அவர் எனக்குக் கெடுதல் செய்தவரில்லை.

பத்தொன்பதாம் நாள் உத்தரவு வந்தது. மனு கொடுத்தவர் அதை என் மேஜைக்குக் கொண்டுவந்து படிக்கச் சொன்னார். படித்தேன். “என்னையப் பத்தி வர்ற எடத்த மட்டும் இன்னொருக்கா படிங்க” என்றார். ‘குத்தகைதாரர்’ என்ற சொல்லை நான்கு தடவை படித்தேன். நான்காவது தடவை அவரும் கூடவே சொன்னார். பண்ணையில் இருந்த காலத்தில் நான் எழுதியதை யாரும் இப்படித் திருப்பிக் கேட்டதில்லை. இந்த வேலையை விடக் கூடாது என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

முப்பத்தொரு வருஷம் அந்த மரத்தடியில் எழுதினேன். கைநாட்டு வாங்குவதற்கு முன் மனு முழுவதையும் வாய்விட்டு வாசித்துக் காட்டாமல் ஒரு காகிதம்கூட வெளியே போனதில்லை. முதலாளி வழியாக ஒரு பத்திரமும் வரவில்லைதான். ஒரு மனிதரை அவர் என்னவோ அப்படியே எழுதப் பழகிக்கொண்டதற்கு, முதல் இரண்டு வருஷத்தில் எனக்கு ஆன செலவு, வராமல் போன பத்திரக் கூலியை நான் கூட்டிப் பார்த்தவரை, ஆயிரத்து எழுநூற்று அறுபது ரூபாய்.