என் வண்டியைப் பற்றி நான் சொல்லாதது

நியூஜெர்சி மான்மவுத் ஜங்ஷனில் நாங்கள் இருக்கும் அபார்ட்மென்ட் காம்ப்ளெக்ஸில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். எல்லோரும் வைத்திருப்பது ஜப்பான் கார். நிறம் வெள்ளி, தவறினால் சாம்பல். பொங்கல் விழா முடிந்து வெளியே வந்தால் பத்துப் பேர் சாவியை அமுக்கியபடி, எது கண் சிமிட்டுகிறது என்று பார்க்கிங் முழுக்கத் தேடிக்கொண்டிருப்பார்கள். என் கணவர் ஒருமுறை அடுத்தவர் காரின் கதவை இழுத்து, அது அலற, நின்ற இடத்திலேயே அசடு வழிந்தார். நான் தேடியதே இல்லை. அந்தக் கூட்டத்தில் கருநீல அமெரிக்க வண்டி என்னுடையது ஒன்றுதான்.

இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வரத்தான் செய்கிறது. அதை ஒளிப்பானேன்?

அந்த வண்டியை நான் ஆசைப்பட்டு வாங்கவில்லை, படித்து வாங்கினேன். கணவரின் விசாவில் வந்து, வேலை செய்ய அனுமதி இல்லாமல் ஆறு வருடம் வீட்டில் இருந்தேன். அனுமதி வந்ததும் கிடைத்த முதல் வேலை விசித்திரமானது. கார் வைத்திருப்பவர்கள் சர்வேயில் எழுதி அனுப்பும் கருத்துகளைப் படித்து, எஞ்சின், இருக்கை, சத்தம், இதர என்று பிரித்துப் போட வேண்டும். எனக்கு ஒதுக்கப்பட்டது டெட்ராய்ட் பக்கத்துப் பழைய கார் கம்பெனி ஒன்று. குதிரை வண்டிகளோடு ஒரே சாலையில் ஓடத் தொடங்கிய கம்பெனி. போர்க்காலத்தில் காரை நிறுத்திவிட்டு ராணுவத்துக்கு லாரி செய்தது. போர் முடிந்ததும், படகு மாதிரி நீளமான கார்களுக்குப் பின்னால் இறக்கை வைத்து விற்றது. பெட்ரோல் விலை ஏறி, ஜப்பானிலிருந்து சின்னக் கார்கள் வந்து இறங்கியபோது முழித்தது. மூடிவிடுவார்கள் என்று எல்லோரும் பேசிய பிறகும் எழுந்து வந்தது. இத்தனையும் எனக்கு எப்படித் தெரியும் என்றால், வாடிக்கையாளர்களே எழுதுவார்கள். கதவின் ரப்பர் பிய்ந்துபோனதைச் சொல்ல வந்தவர், தன் அப்பா எந்தத் தொழிற்சாலையில் என்ன வேலை பார்த்தார் என்பதில் ஆரம்பிப்பார்.

எனக்குப் பிடித்தது ‘இதர’ பெட்டிதான். ஒஹையோவில் ஒரு அம்மாள், “காபிக் கோப்பை வைக்கும் இடத்தில் என் கோப்பை நிற்பதில்லை. பதினொரு வருடமாக இதைச் சொல்லி வருகிறேன். மற்றபடி குறை இல்லை” என்று எழுதியிருந்தார். டெக்ஸஸில் ஒருவர் இரண்டு பக்கத்துக்குத் திட்டித் தீர்த்துவிட்டு, கடைசி வரியில், மகளுக்கும் இதே வண்டியை வாங்கியிருப்பதாகச் சொன்னார். திட்டுவதற்கு அவர்களுக்கு உரிமை இருந்தது, ஓட்டுகிறவர்கள் அல்லவா? நானும் ஓட்டிப் பார்க்கலாம் என்று அப்போதுதான் தோன்றியது.

வீட்டில் சொன்னதும் கணவர் வாட்ஸ்அப் குழுவில் கேட்டார். நம்மவர்கள் கார் வாங்கும் முறை அது. நாற்பது பேர் பதில் போட்டார்கள். “அமெரிக்கன் காரா? வேண்டவே வேண்டாம்.” “ரீசேல் இருக்காது ப்ரோ.” “எங்க டீம்ல ஒருத்தனோட மச்சான் வாங்கிட்டு கண்ணீர் விட்டான்.” நான் ஒரே ஒரு கேள்வி போட்டேன்: உங்களில் யாராவது இந்த வண்டியை வைத்திருக்கிறீர்களா? அரை மணி கழித்து யாரோ கொழுக்கட்டைப் படம் போட்டார்கள்.

வாங்கிவிட்டேன். பூஜைக்குக் கொண்டுபோனபோது, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்த குருக்கள் நிமிர்ந்து பார்த்து, “ஏம்மா, ரீசேல் எல்லாம் விசாரிச்சேளா?” என்றார். “நான் விக்கறதுக்கு வாங்கலை மாமா, ஓட்டறதுக்கு வாங்கினேன்” என்றேன். பழம் நான்கும் ஒரே நேரத்தில் நசுங்கின.

மூன்று வருடம் வண்டி சொன்னபடி கேட்டது. நானும் விடவில்லை. யார் வீட்டுப் பிறந்தநாளுக்குப் போனாலும், கேசரி வருவதற்குள் என் வண்டிப் புராணம் ஆரம்பமாகிவிடும். அப்புறம் ஒரு நவம்பர் காலை, ரூட் ஒன் என்கிற பெரிய சாலையில் சிக்னலிலிருந்து கிளம்பும்போது வண்டி ஒரு உதறு உதறியது. மறுபடி உதறியது. மூன்றாவது சிக்னலில் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க எஞ்சின் கத்தியதே தவிர வண்டி நகரவில்லை. பின்னால் ஒரு லாரி ஹாரனை அழுத்திக்கொண்டே என் கண்ணாடி முழுக்க வந்து நின்றது. எமர்ஜென்சி விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். அது கியர்பாக்ஸ் என்று எனக்கு உடனே தெரிந்தது. அதே உதறலைப் பற்றி நூற்றுக்கணக்கான பேர் எழுதியதை நானே என் கையால் அந்தந்தப் பெட்டியில் போட்டிருக்கிறேன். வாங்கும்போது அந்தப் பெட்டியை மறந்துவிட்டேன் என்றால் அது பொய். எனக்கு வராது என்று நினைத்தேன்.

அடுத்து நான் செய்ததுதான் அசிங்கம். நம்மவர்கள் வண்டி விடும் மெக்கானிக் ஐசலினில் இருக்கிறார். நல்ல வேலைக்காரர், ஆனால் யார் வண்டிக்கு என்ன ஆயிற்று என்று அடுத்தவரிடம் சொல்லாமல் அவரால் ஸ்பானர் பிடிக்க முடியாது. அதனால் வண்டியை ட்ரெண்டன் தாண்டி, ஒரு தமிழ் முகமும் எட்டிப் பார்க்காத ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துப் போகச் சொன்னேன். மூன்று வாரம் பஸ்ஸில் போனேன். கேட்டவர்களிடம், “டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார்” என்றேன். கணவரையும் வாயைத் திறக்கவிடவில்லை. கியர்பாக்ஸையே மாற்றி வண்டி வந்தது. அதற்குப் பிறகு ஒரு தொந்தரவும் இல்லை. பழையபடி கேசரிக்கு முன்னால் புராணத்தை ஆரம்பித்தேன், அந்த மூன்று வாரத்தை மட்டும் கத்தரித்துவிட்டு.

எங்கள் மேல்மாடியில் ஈரோட்டுப் பெண் ஒருத்தி இருந்தாள். கணவன் வேலை விஷயமாக டெக்ஸஸில், சுகர் லேண்டில் தங்கியிருந்தான், மாதம் ஒருமுறை வருவான். இரண்டு வயது மகளோடு இவள் தனியாக இருந்தாள். போன குளிர்காலத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். காலையில் குழந்தையை டேகேரில் விட்டுவிட்டு ரூட் ஒன்னில் பிரின்ஸ்டன் பக்கம் போக வேண்டும். அதற்குள் கார் வேண்டும்.

வியாழக்கிழமை அவள் என் வீட்டுக்கு வந்தாள், முகமெல்லாம் சிரிப்பு.

“அக்கா, உங்க வண்டியேதானுங்க பாத்து வெச்சிருக்கேன். அதே மாடல், யூஸ்டு. சனிக்கிழம போயி கையெழுத்துப் போட்டுட்டா முடிஞ்சுது.”

“உன் வீட்டுக்காரர் என்ன சொல்றார்?”

“அவரு ஜப்பான் வண்டிதான் வாங்கோணும்னு ஒரே புடியா நின்னாருங்க. ரெண்டு நாளா சண்ட. கீழ் வீட்டு அக்கா நாலு வருசமா ஓட்டறாங்க, ஒரு நாளு ரிப்பேர்னு நின்னதில்ல, உங்களுக்கென்ன தெரியும்னு கேட்டுப்போட்டேன். அவரால பதில் பேச முடியலீங்க.”

அவள் போன பிறகு கணவரிடம் புலம்பினேன். அவள் கட்டிய வழக்குக்கு ஒரே சாட்சி நான். நான் உண்மையைச் சொன்னால் அவள் கணவனிடம் தலைகுனிய வேண்டும், அதுவும் வாழ்க்கையில் முதல்முறையாக எதிர்த்துப் பேசி ஜெயித்த விஷயத்தில். சொல்லாவிட்டால், பின் சீட்டில் குழந்தையை வைத்துக்கொண்டு அந்த மூன்றாவது சிக்னலில் அவள் நிற்கக்கூடும். பின்னால் வரும் லாரி பிரேக் போடுமா என்பது எனக்குத் தெரியாது.

கணவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். “உன் மானத்துக்கு அவ குழந்தை ஏன் ரிஸ்க் எடுக்கணும்?” அவருக்கு எப்போதாவதுதான் இப்படிச் சரியாகப் பேச வரும். வந்தால் கோபம் வருகிற மாதிரி வரும்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்ததும் அவளைப் பார்க்கிங்குக்குக் கூப்பிட்டு, என் வண்டியின் முன் சீட்டில் உட்கார வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். உதறல், லாரி, ட்ரெண்டன், டாக்டர் நடக்கச் சொன்ன கதை வரைக்கும். சர்வேயில் எத்தனையோ பேர் இதையே எழுதியிருந்தும் வாங்கினேன் என்பதையும் சொன்னேன்.

அவள் டாஷ்போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்க அக்கா, இத எதுக்கு மறைச்சீங்க?”

“நாற்பது பேர் சொன்னதை மீறி வாங்கினேன்மா. அவங்க சொன்னது சரியாப் போயிடுச்சுன்னு ஒத்துக்க முடியலை.”

“ஒரு நாளும் நின்னதில்லீன்னு நானு அவருகிட்ட சத்தியமே பண்ணிப்போட்டேனுங்க” என்றாள். கதவைத் திறந்து இறங்கினாள். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் படியேறிப் போனாள்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கதவு தட்டப்பட்டது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். “கெளம்புங்க அக்கா, போலாம். வண்டியப் பாக்கறதுக்குத்தான். முடிவு நான் எடுத்துக்கறேன்.” குரலில் சிரிப்பு இல்லை. நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

டீலரிடம் இருந்த வண்டி பளபளவென்றிருந்தது. விற்பனைக்காரன் சன்ரூஃபைத் திறந்து காட்டினான், பாட்டுப் போட்டுக் காட்டினான். இவள் எதையும் பார்க்கவில்லை. கியர்பாக்ஸ் வேலை செய்த காகிதம் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை. சிக்னல் இல்லாத ஃப்ரீவேயில் ஓட்டிப் பாருங்கள், வெண்ணெய் மாதிரி போகும் என்றான் அவன். ஃப்ரீவே வேண்டாம், சிக்னல் இருக்கும் சாலைதான் வேண்டும் என்றாள். நான் பின் சீட்டில் குழந்தையோடு உட்கார்ந்தேன். உதறக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன், அவளுக்காக அல்ல, எனக்காக. இரண்டாவது சிக்னலில் உதறியது. லேசாகத்தான். பாட்டுப் போட்டிருந்தால் தெரிந்திருக்காது. அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். திரும்பி வந்து சாவியை மேஜைமேல் வைத்துவிட்டாள்.

அங்கேயே சுகர் லேண்டிலிருந்து அவள் கணவனின் போன் வந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் ஸ்பீக்கரில் பேசினாள்.

“வாங்கலீங்க. ஓட்டிப் பாத்தேன், கியரு சரியில்ல.”

“நான் அப்பவே சொன்னேனில்ல? அந்தக்கா பேச்சக் கேட்டுட்டு ஆடினே.”

என் காது சுட்டது. கார் வரிசையைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

“நீங்க சொன்னது யாரோ சொன்னதுங்க” என்றாள் அவள். “நீங்க இந்த வண்டியில ஏறுனதுகூட இல்ல. எங்க கையி வெச்சுப் பாக்கோணும்னு சொன்னது அக்காதான். அவங்க சொல்லலீன்னா இத வாங்கியிருப்பேன்.”

நான் முதலில் என்ன சொல்லியிருந்தேன் என்பதை அவள் சொல்லவில்லை. அவளிடம் அவ்வளவு பெருந்தன்மையை எதிர்பார்த்து நான் அங்கே போகவில்லை. கண் கலங்கிவிட்டது.

மத்தியானம் வேறொரு இடத்தில் ஜப்பான் கார் ஒன்றைப் பார்த்தாள். அதையும் சிக்னல் சாலையிலேயே ஓட்டிப் பார்த்து, காகிதங்களை வரி வரியாகப் படித்து, கையெழுத்துப் போட்டாள். வெள்ளி நிறம்தான். துடைத்துத் தர ஞாயிற்றுக்கிழமை ஆகும் என்றார்கள், அதனால் என் வண்டியிலேயே திரும்பினோம். குழந்தை பின்னால் தூங்கிவிட்டது. அவள் கேட்டாள்.

“மறுக்கா வாங்கறதா இருந்தா நீங்க இதையேதான் வாங்குவீங்களா அக்கா?”

யோசிக்கத் தேவையிருக்கவில்லை. வண்டி என் கையில் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

“வாங்குவேன். ஆனா உன்னை வாங்குன்னு சொல்ல மாட்டேன்.”

அவள் தலையாட்டினாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “இத மொதல்லயே சொல்லியிருந்தா, நானு அவருகிட்ட சத்தியம் பண்ணியிருக்க மாட்டேனுங்க” என்றாள்.

மன்னிப்புக் கேட்டேன். வீட்டு வாசலில் இறங்கும்போது அவள், தூங்கும் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு முன்னால் படியேறினாள். நான் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் பின்னால் போனேன்.