நர்ஸுக்கு ஒரு ஜோடிச் சொல்

தென்காசியில் மேளம் இல்லாமல்கூட ஒரு கல்யாணம் நடந்துவிடும், ஃப்ளெக்ஸ் இல்லாமல் நடக்காது. அந்த ஃப்ளெக்ஸில் இங்கிலீஷ் வரிகள் ஜோடி ஜோடியாக முடியவேண்டும் என்ற பழக்கத்தை இந்த வட்டாரத்துக்குக் கொண்டுவந்தவன் நான்தான். ஆவுடையப்பன். படிப்பு ஐந்தாம் வகுப்பு, அதுவும் பாதி. பசை வாளியைத் தூக்கிக்கொண்டு சுவர் சுவராகப் போஸ்டர் ஒட்டியவன், இன்று இரண்டு மெஷின் வைத்திருக்கிறேன். ‘லைஃப்’ என்றால் ‘வைஃப்’. ‘சீசன்’ என்றால் ‘ரீசன்’. குற்றாலத்துப் பழக்கடை ஒன்றுக்கு ‘ஃபால்ஸ்’ என்று தொடங்கி ‘ஸ்டால்ஸ்’ என்று முடித்துக் கொடுத்தேன். அந்தப் போர்டின் முன்னால் நின்று போட்டோ எடுக்காத டூரிஸ்ட் இல்லை. அர்த்தத்தை மருமகளிடம் கேட்டுக்கொள்வேன். ஓசையை இதுவரை யாரிடமும் கேட்டதில்லை.

என் பெருமை போதும். சொல்ல வந்தது ஜெபமலர் சிஸ்டரைப் பற்றி.

ஆலங்குளத்துக்கு மேற்கே ஒரு கிராமம் அவருக்கு. அம்மா பீடி சுற்றியே பாளையங்கோட்டையில் நர்ஸ் படிப்பு படிக்கவைத்தார். இருபத்தாறு வயதில் தென்காசியில் ஓர் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டுக்கு வந்தவர், முப்பத்துநாலு வருடம் அந்த வார்டை விட்டு நகரவில்லை. சீசன் காலத்தில் இரவு வேலை முடிந்தால் நேராகக் குற்றாலம் பஸ் ஏறி, மெயின் அருவியில் தலையைக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். “ராத்திரி பூரா கேட்ட அலறலை அருவிச் சத்தம்தான் கழுவும் அண்ணாச்சி” என்பார்.

என் மகன் விஜய்பாண்டி கால் முந்தி வந்த பிள்ளை. இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், வார்டு வாசலில் நான் செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தபோது சிஸ்டர் வெளியே வந்தார். “ரெண்டு உசுரும் நல்லாருக்கு. போய் டீ குடிங்க” என்றார். ஆண் பிள்ளை பிறந்தால் கையில் ஏதாவது வைப்பது வழக்கம். நோட்டை நீட்டினேன். அவர் என் கையைப் பார்க்கவேயில்லை. “அதுக்குப் பால்சுறாக் கருவாடு வாங்கி உங்க வீட்டுக்காரிக்குக் கொழம்பு வச்சுக் குடுங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவருக்கு இந்த ஜூன் முப்பதில் ஓய்வு. சின்ன நர்ஸுகள் நாலு பேர் கடைக்கு வந்தார்கள். “டாக்டருக்கெல்லாம் இங்கிலீஷ்ல ஜோடி போட்டுக் குடுத்தீங்களாமே அண்ணாச்சி. எங்க சிஸ்டருக்கும் வேணும். நர்ஸ்னு முடியணும்.”

“முடிச்சிருவோம்” என்றேன்.

கடையில் கம்ப்யூட்டர் பார்ப்பவள் என் மருமகள் நிவேதா. எம்.ஏ. இங்கிலீஷ். அவள் செல்போனில் தேடினாள். ஒரு சொல்லைப் போட்டால் அதற்கு ஜோடி சொல்லும் இடம் அதில் இருக்கிறதாம்.

“கர்ஸ், வொர்ஸ், ஹர்ஸ், வெர்ஸ், பர்ஸ்... இதெல்லாம் அச்சாச் சேரும் மாமா.”

“அர்த்தம் சொல்லு.”

“சாபம். படுமோசம். பொணவண்டி. செய்யுள். மணிபர்ஸ்.”

“ஏம்மா, ரிட்டையர் ஆவுத அம்மாவுக்குப் பொணவண்டியா அனுப்பச் சொல்லுதே?”

அவள் சிரித்துவிட்டு, “கீழ இன்னொரு லிஸ்ட் இருக்கு. நியர் ரைம். முழுசாச் சேராது, கிட்டத்துல வரும்” என்றாள்.

“கிட்டத்துல வாரதெல்லாம் அடுத்த கடைக்கு அனுப்பு. நம்ம கடையில அச்சாச் சேரணும்.”

பர்ஸைப் பிடித்துக்கொண்டேன். அந்த நோட்டு நினைவு எனக்கு. ‘கோல்டன் ஹார்ட் நர்ஸ், நெவர் டச்டு எ பர்ஸ்.’ தங்க மனசு, யார் பர்ஸையும் தொடாதவர் என்று பொருள். ஒரு வார்த்தை பொய் கிடையாது. நிவேதா மட்டும், “மாமா, இது சரியா வருமா?” என்று இழுத்தாள். நச்சென்று இருக்கிறதென்று சொல்லி அச்சடித்தேன். பத்தடிக்கு ஆறடி. விழாவுக்கு முந்தின நாள் காலையிலேயே, ஆஸ்பத்திரிக்கு எதிர்த்த மண்டபத்தின் முகப்பில் கட்டியாகிவிட்டது.

பதினோரு மணிக்குச் சாரலில் குடையோடு சிஸ்டரே கடைக்கு வந்தார்.

“அண்ணாச்சி, அதைக் கழட்டுங்க.”

“ஏன் சிஸ்டர், பொய்யா எழுதிட்டேன்?”

“மெய்யாத்தான் எழுதியிருக்கீங்க. நான் ஒருத்தி தொடலைன்னா, மத்தவளுவ எல்லாம் தொட்டாளுவன்னுதானே ஆவுது? காலையில இருந்து ஒருத்தியும் என் மூஞ்சியைப் பாக்கலை. ஆயா உலகம்மா தனியாப் போய் உக்காந்து சாப்பிடுதா. நாளைக்கு ஆயா ஒருத்தரும் வரமாட்டாங்களாம்.” பிரசவ வார்டில் பேசும் அதே நிதானமான குரல். “நான் ஒருத்தி நல்லவன்னு சொல்லுததுக்கு அத்தனை பேரையும் கெட்டவளாக்கணுமா? முப்பத்துநாலு வருசம் வேலை பாத்துட்டு அந்த கேட்டை ஒத்தையிலயா தாண்டுவேன்?”

ஓய்வு பெறுபவரைக் கூட வேலை பார்த்தவர்கள் வீடுவரை கொண்டுவிடுவது எங்கள் ஊர் முறை. கொண்டுவிட ஆள் இல்லாமல் போவதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

அரை மணி நேரத்தில் ஃப்ளெக்ஸைக் கழற்றினேன். தப்பு என் பக்கம் என்று சொல்வது எனக்குப் பழக்கமில்லாத வேலை. ஆனாலும் நான் செய்த எந்த வேலைதான் பிறக்கும்போதே தெரிந்திருந்தது? தலைமை ஆயா உலகம்மாளைத் தேடிப் போனேன். ஆஸ்பத்திரிப் பின்கட்டில் இரண்டு ஆயாக்களோடு துணி பிழிந்துகொண்டிருந்தாள்.

“வாரும் அண்ணாச்சி. பர்ஸை பத்திரமா வச்சிட்டு வந்தீரா? இங்கன பூரா களவாணிக் கூட்டம்லா!”

மற்ற இருவரும் சிரித்தார்கள்.

“தப்பா எழுதிட்டேன் உலகம்மா. சிஸ்டருக்கு ஒண்ணும் தெரியாது.”

“அவளுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். ஒமக்குத்தான் ஒண்ணும் தெரியலை.” பிழிந்த துணியை உதறினாள், தண்ணீர் என் சட்டையில் தெறித்தது. “குடுத்தா வாங்கியிருக்கோம். இல்லைன்னு சொல்லலை. ரத்தமும் பீயும் அள்ளுனது யாரு? பிள்ளையை மொதல்ல வாங்குத கை அவ கை. அவகிட்ட இருந்து துணியில வாங்குதது எங் கை. பெத்தவ பாக்குததுக்கு முந்தி நாங்க பாத்திருவோம். ஒம்ம மவன் நீலம் பாரிச்சுல்லா வந்தான்! அவ முதுகுல தட்ட, நான் உள்ளங்காலைத் தேய்க்க, அப்பொறந்தான் கத்துனான். அதைப் போடுமய்யா போர்டுல!”

எனக்கு அது தெரியாது. இருபத்தெட்டு வருடமாக ஒருவரை மட்டும் கும்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

“மொதல்ல வாங்குத கை... இன்னொரு தடவ சொல்லு.”

“என்ன வேய், காதும் போச்சா?”

காது போகவில்லை. அப்போதுதான் திறந்தது. கடைக்கு வந்து நிவேதாவிடம் சொன்னேன்: “ஃபர்ஸ்ட்.”

“மாமா, இது ரெண்டாவது லிஸ்ட்ல உள்ளது. கடைசியில ஒரு ‘ட்’ நிக்குது. அச்சாச் சேராது.”

இங்கிலீஷ்காரன் பாட்டில் ஓசை வரியின் வாலில் இடிக்கும். நம் பாட்டில் தலையில் இடிக்கும். இலக்கணம் எனக்குத் தெரியாது. கோயில் கொடை விழாக்களில் விடிய விடிய வில்லுப்பாட்டு கேட்ட காது இது. நர்ஸ், ஃபர்ஸ்ட் என்று சொன்னால் அந்த ‘ர்’ இரண்டிலும் ஒரே இடத்தில் விழுகிறது. எனக்கு அது போதும்.

“அந்த ‘ட்’ அதுபாட்டுக்கு நிக்கட்டும். நாளைக்கு நாலு பேரு வந்து நிக்கணும், அதைப் பாரு” என்றேன்.

‘ஆயா, சிஸ்டர், நர்ஸ், தீஸ் ஹேண்ட்ஸ் ஹெல்ட் அஸ் ஃபர்ஸ்ட்.’ நம்மை முதலில் ஏந்திய கைகள் இவை என்று அர்த்தம். ‘எங்கள் ஜெபமலர் சிஸ்டர்’ என்று மேலே கொட்டை எழுத்து. அச்சுக்குப் போகும் முன் யாரிடமும் காட்டுவது என் வழக்கமில்லை. அன்று ஒரு தாளில் எடுத்துக்கொண்டு போய் உலகம்மாளுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினேன்.

“ஆயான்னு மொதல்லயே போட்டிருக்கீரா?”

“மொதல்லயே.”

தாளைத் திருப்பிக் கொடுத்தாள். “நாளைக்கு வாரியா?” என்றேன். “துணி கெடக்கு அண்ணாச்சி. நீரு போவும்.”

மறுநாள் நாலு மணி விழா. முகப்பில் புது ஃப்ளெக்ஸ், மேடையில் சிஸ்டர், எதிரே சின்ன நர்ஸுகள், பின்னால் காலி நாற்காலிகள். நாலரை ஆனது. டாக்டர் ஒருவர் பேசி முடித்தார். சிஸ்டர் வாசலைப் பார்க்காமல் இருப்பதற்காகக் கையில் இருந்த மாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காலி நாற்காலிகளைப் போட்டவன் நான்தான் என்று எனக்குப் பட்டது.

நாலே முக்காலுக்கு ஷிப்டு மாறியது. பகல் ஷிப்டு ஆயாக்கள் பதினோரு பேரும் சீருடையைக்கூட மாற்றாமல் ஒரே கூட்டமாக வந்தார்கள். உலகம்மாள் முன்வரிசைக்கு வந்து, உட்கார்ந்திருந்த சின்ன நர்ஸுகளைப் பார்த்து, “ஏட்டி, எந்திரிங்க. வயசானவளுக்கு எடம் விடுங்க” என்றாள். பிறகு மேடையைப் பார்த்து, “என்ன முழிக்கே? துணியைக் காயப்போட்டுட்டு வர வேண்டாமா?” என்றாள். சிஸ்டர் அப்போதுதான் அழுதார்.

வீட்டுக்குக் கொண்டுவிட நான் பிடித்திருந்த வேனில் பன்னிரண்டு பேர்தான் உட்காரலாம். பத்தொன்பது பேர் ஏறினார்கள். எனக்கு இடமில்லை. வேன் நகரும்போது சிஸ்டர் ஜன்னலில் தலையை நீட்டினார்.

“அண்ணாச்சி, என் பேரைக் கொஞ்சம் சின்னதாப் போட்டிருக்கலாம்!”

“பிரசவத்தை நீங்க பாத்தீங்க சிஸ்டர். எழுத்தளவை நான் பாத்துக்கிடுதேன்” என்றேன்.