குகைக்குள் தெரிந்த சட்டை

நான் கல்யாண வீடியோ எடுக்கிறவன். பேட்டையில் கடை. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. எத்தனை கல்யாணம் எடுத்தேன் என்று எண்ணியதில்லை. எல்லாம் ஒரே கல்யாணம்தான். மாப்பிள்ளைக்கு வியர்க்கும், ஐயர் அவசரப்படுவார், தாலி கட்டுகிற நேரத்தில் ஒரு சித்தப்பா கேமராவுக்குக் குறுக்கே வந்து முதுகைக் காட்டுவார். பிறகு மாப்பிள்ளையைத் திரும்பவும் கையைக் கொண்டுபோய் தாலி கட்டுகிற மாதிரி வைக்கச் சொல்லி எடுப்போம். ஆல்பத்தின் அட்டையில் இருப்பது அந்த இரண்டாவது தாலிதான். இதுவரை ஒருத்தரும் என்னிடம் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

இந்த எரிச்சலில்தான் நீராவி ரயிலை எடுக்க ஆரம்பித்தேன். எஞ்சின் கேமராவைப் பார்த்துச் சிரிக்காது. தாடையைக் கொஞ்சம் ஒல்லியாக்கித் தாருங்கள் என்று போன் போடாது. இன்னொரு தடவை வா என்றால் வராது.

வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை மேட்டுப்பாளையம் போய் ஊட்டி மலை ரயிலில் ஏறுவேன். குன்னூர் வரைதான் நீராவி. அதற்கு மேல் டீசல் எஞ்சினை மாட்டுவார்கள், நான் இறங்கிவிடுவேன். எடுத்ததை என் சேனலில் போடுவேன். எனக்கு மூன்று சட்டம் உண்டு. வெட்டு கிடையாது. பாட்டு கிடையாது. மனிதர் முகம் கிடையாது. புறப்பட்டதிலிருந்து போய்ச் சேருகிற வரை மூன்று மணி நேரத்துக்கு மேல் ஜன்னலும் மலையும்தான். முதல் தடவை தலைப்பில் 'குறும்பாதை ரயில்' என்று போட்டேன். இது மீட்டர் கேஜ், நேரோ கேஜ் இல்லை, தெரியாவிட்டால் எழுதாதே என்று ஒருவர் கமெண்ட் போட்டார். சரி என்று டார்ஜிலிங் வரைக்கும் போய் நிஜமான இரண்டடிப் பாதையில் எடுத்துப் போட்டேன். அதற்கு அவர் ஒன்றும் எழுதவில்லை.

மலை ரயிலில் எஞ்சின் முன்னால் இருக்காது. ஏறும்போது பின்னால் இருந்துதான் தள்ளும். இது தெரியாமல் எஞ்சினைப் பார்க்க ஆசைப்பட்டு முதல் பெட்டிக்கு ஓடுகிறவர்களுக்குக் கொடியும் கையுமாக நிற்கிற ரயில்காரரின் முதுகுதான் கிடைக்கும். நான் கடைசிப் பெட்டியில் உட்காருவேன். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவில் பல் வரிசை ஆரம்பிக்கும். எஞ்சினின் பல் சக்கரம் அதைக் கவ்வி ஏறுகிற சத்தம் கடைசிப் பெட்டியில்தான் நன்றாகக் கேட்கும். ஆள் பேசாமல் இருந்தால்.

இப்போது என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு ஒரே அக்கா. அப்பா அம்மா இல்லை. அவளுக்குப் பிறந்த வீடு என்றால் நான்தான். சாத்தான்குளத்தில் டீச்சர் வேலை பார்த்து ஓய்வு பெற்று, தச்சநல்லூரில் வீடு கட்டினாள். பால் காய்ப்புக்கு நாள் குறித்ததும் வீட்டுக்கு வந்து என் கையில் ஒரு சட்டையைக் கொடுத்தாள். மயில்கழுத்து நிறம், காலரில் தங்கக் கலரில் ஒரு பட்டை. குடும்பத்து ஆம்பிளைகள் எல்லோருக்கும் ஒரே துணியில் எடுத்தாளாம். இப்போது எல்லா வீட்டிலும் இந்தக் கூத்து நடக்கிறது. எடுக்கிறவன் நான், எனக்குத் தெரியும்.

சட்டையைக் கொடுத்துவிட்டு, "கேமராவ எடுத்துட்டு வந்துருல. வெளியாளு வேண்டாம். ஒன்ன மாதிரி ஒருத்தனும் எடுக்க மாட்டான்" என்றாள்.

அவள் பாராட்டாகத்தான் சொன்னாள். எனக்குத் தீப்பிடித்த மாதிரி இருந்தது. அவள் மகள் சடங்குக்கு நான் எடுத்தேன். மகன் கல்யாணத்துக்கு எடுத்தேன். அத்தானுக்கு அறுபதாம் கல்யாணம், அதுவும் நான். சொந்தத்தில் எந்த விசேஷத்திலும் நான் முதல் பந்தியில் சாப்பிட்டதில்லை, எந்தப் படத்திலும் நின்றதில்லை. தாய்மாமன் மாலை போடுகிற நேரத்தில்கூட கேமராவை என் பெண்டாட்டி கையில் கொடுத்துவிட்டு ஓடிப்போய்ப் போட்டேன். அவள் தரையை எடுத்து வைத்திருந்தாள்.

இதை அக்காவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பால் காய்ப்புக்கு அவள் குறித்தது பெரிய முகூர்த்த நாள். மதுரையில் ஒரு கல்யாணத்துக்கு ஒப்புக்கொண்டேன், மாற்ற முடியாது என்றேன். வீடியோக்காரன் முகூர்த்த நாளில் சொல்கிற இந்தப் பொய்யை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அக்கா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "சரில. தொழில விட முடியுமா" என்று போய்விட்டாள்.

அந்த நாளுக்கு மலை ரயிலில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. ஊரே கல்யாணத்துக்குப் போகிற நாளில் பெட்டி காலியாக இருக்கும் என்று கணக்குப் போட்டேன்.

பெண்டாட்டியிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். சீர்த்தட்டும் பித்தளைப் பானையும் கொண்டுபோக அவள்தான் இருக்கிறாள்.

"என்னால பொய் சொல்ல முடியாது" என்றாள்.

"பொய் சொல்லாண்டாம். கேட்டா மதுரைன்னு சொல்லு."

"அது பொய் இல்லாம என்னதாம்?"

"நான் சொன்ன பொய். நீ சும்மா திருப்பிச் சொல்லுத."

அவள் இட்லிக்கு மிளகாய்ப்பொடி தடவிக் கட்டிக் கொடுத்தாள். முந்தின நாளே மேட்டுப்பாளையம் போய் லாட்ஜில் தங்கினேன். காலையில் அக்கா கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டேன். பையில் மேலாக இருந்தது, எடுத்துப் போட்டேன். அதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

பெட்டி காலியாக இல்லை. என் கணக்கைப் போலவே முப்பது பேர் கணக்குப் போட்டிருந்தார்கள். எதிர் சீட்டில் கோயம்புத்தூர்ப் பக்கத்து அம்மா ஒருத்தி ரயில் நகர்ந்ததிலிருந்து போனில் இருந்தாள். "இன்னிக்கு மூணு கல்யாணமுங்க. எல்லாத்துக்கும் காச்சல்னு சொல்லிப்போட்டனுங்க. புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு ரயிலேறிட்டம்" என்று யாரிடமோ சிரித்தாள். என்ன ஜென்மமோ என்று நான் அவளை முறைத்துப் பார்த்தேன்.

கேமராவை ஜன்னல் கம்பியில் கிளாம்ப் போட்டு இறுக்கியிருந்தேன். கல்லாறு தாண்டி, பாக்குத் தோப்பு முடிந்து, பாறை ஆரம்பித்தது. எஞ்சின் தண்ணீர் பிடிக்க நின்றபோது எல்லோரும் இறங்கிப் புகைக்கு முன்னால் நின்று படம் எடுத்தார்கள். நான் இறங்கவில்லை. மறுபடி கிளம்பியதும் தூறல் போட்டது. கண்ணாடியை மூடச் சொல்லி அந்த அம்மா சத்தம் போட்டாள். நானும் கேமரா நனையுமே என்று மூடினேன். கேமரா கண்ணாடி வழியாகவே எடுத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு குகை வரும்போதும் பிள்ளைகள் ஓவென்று கத்தி, போனில் டார்ச்சை அடித்தார்கள். எனக்குப் பசி. இட்லியைப் பிரித்துச் சாப்பிட்டேன். அந்த நாலு இட்லியையும் நிம்மதியாகச் சாப்பிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஊருக்கு வந்து, ஆரம்பமும் முடிவும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு சேனலில் போட்டேன். குகைகளைப் பார்க்கவில்லை. இருட்டில் பார்க்க என்ன இருக்கிறது?

அந்த வார ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் போன் செய்தாள்.

"மாமா, மதுரைக் கல்யாணம் எப்படி இருந்துச்சு?"

"கல்யாணம் மாதிரி இருந்துச்சு."

"ரயில்லயா நடந்துச்சு?"

நான் போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன்.

"புது டிவில ஒங்க படத்தப் போட்டோம் மாமா. பெரிய டிவில்லா. அம்மா நிறுத்தி வச்சிருக்கா. நீங்க இட்லி தின்னுட்டு இருக்கிய."

போனை வைத்துவிட்டு நானும் போட்டுப் பார்த்தேன். மூன்றாவது குகை. வெளியே கறுப்பு. உள்ளே டார்ச் வெளிச்சம். ஜன்னல் கண்ணாடி முழுக்க மயில்கழுத்துச் சட்டையில் ஒரு ஆள், வாய் நிறைய இட்லி. அடுத்த குகையிலும் அவன்தான். அதற்கடுத்ததிலும். இருபது வருஷத் தொழிலில் கண்ணாடியில் என் உருவம் விழாமல் எடுக்கத் தெரிந்தவன் நான். கல்யாண மண்டபத்தில் எத்தனை கண்ணாடித் தூண்கள். ஒன்றிலும் விழுந்ததில்லை. சட்டை ஒன்று போதாதென்று, எந்த நாள் என்று காட்டிக்கொடுக்க அந்த அம்மா போனில் சொன்னதும் தெளிவாகக் கேட்டது. இன்னிக்கு மூணு கல்யாணமுங்க.

நம் ஜனங்களுக்கு வீடியோ பார்க்க ஒரே முறைதான் தெரியும். யார் வந்தார், யார் வரவில்லை என்று பார்ப்பார்கள். ரயில் படத்தையும் அப்படித்தான் பார்த்திருக்கிறார்கள்.

மூன்று நாள் அக்காவுக்கு போன் செய்தேன். எடுக்கவில்லை. என்னிடம் சண்டை போடாமல் அவள் இருந்தது அதுதான் முதல் தடவை. நாலாவது நாள் பெண்டாட்டி, "இப்பம் போகாட்டி அப்புறம் போகவே மாட்டிய" என்றாள். அது எனக்கும் தெரிந்தது. எங்கள் சொந்தத்தில் இப்படி விட்டுப்போன இரண்டு வீடுகள் உண்டு. ஒரே தெருவில் இருக்கிறார்கள், சாவுக்குக்கூடப் போவதில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு தச்சநல்லூர் போனேன்.

அத்தான் வாசலில் நின்றார். "வாரும் மாப்ளே. எந்த ரயில்ல வந்தீரு?"

நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அக்கா."

"சீர்த்தட்ட ஒம் பொண்டாட்டி ஒத்தையில தூக்கிட்டு வாரா. எல்லாரும் தம்பி எங்கன்னு கேக்குதாவ. மதுரையில இருக்கான், தொழிலு, தொழிலுன்னு நூறு பேருகிட்ட நான் சொல்லுதேன். நீ அங்கன இட்லி தின்னுட்டு இருக்க."

"நீ கேமராவ எடுத்துட்டு வான்னு சொன்ன."

"ஆமா சொன்னேன். அதுக்கு?"

"என்னைக்குமே அதத்தான சொல்லுத. தம்பின்னு எப்பம் கூப்பிட்ட? ஒன் வீட்டு ஆல்பத்துல எங்கயாவது என் மூஞ்சி இருக்கா?"

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "கேமராவ வச்சிட்டு வாரேன்னு சொல்ல ஒனக்கு வாயில்லயாக்கும்? ஊரு பூரா சண்ட போடுத, எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா என்னல? நான் என்ன ஒன் வாய்க்குள்ள வந்தா பாக்க முடியும்?"

நான் குனிந்து முறத்திலிருந்து சிதறிய அரிசியைப் பொறுக்கினேன். 

அத்தான் உள்ளே வந்தார். "விடுங்க ரெண்டு பேரும். மாப்ளே, அந்தக் குகையில நீரு நல்லாத்தான் இருந்தீரு வே. கொஞ்சம் கறுப்பா இருந்தீரு."

"நீங்க சும்மா இருங்க" என்று நானும் அக்காவும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

அக்கா எழுந்து முந்தானையை உதறினாள். "வார வெள்ளிக்கிழம பால் காய்ச்சப் போறேன். அதே சட்டையப் போட்டுட்டு வா."

"காய்ச்சியாச்சே."

"தாலியவே ரெண்டு தடவ கட்ட வைக்கல்லா நீ? பால ரெண்டு தடவ காய்ச்சினா வீடு இடிஞ்சா போவும்?"

"கேமரா?"

"எடுத்துட்டு வா. அங்கன நட்டு வச்சிட்டு இங்கன வந்து நில்லு. அந்த ரயிலுக்கு எடுத்தல்லா, அதே மாதிரி. வெட்டக் கூடாது."

வெள்ளிக்கிழமை காலையில் போனேன். அடுப்படியில் ட்ரைபாடை வைத்து, ஓடவிட்டு, அடுப்புக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இருபது வருஷமாக ஜனங்களிடம் கையைச் சும்மா தொங்கப் போடுங்கள் என்று கத்தியிருக்கிறேன். கை சும்மா தொங்காது என்று அன்றுதான் தெரிந்தது.

"இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லு. சிரி" என்றாள் அக்கா.

"வராது."

"அப்பம் அப்படியே நில்லு."

என் பெண்டாட்டி கொண்டுபோன பித்தளைப் பானையில் பாலை நான் ஊற்றினேன். அக்கா அடுப்பைப் பற்ற வைத்தாள். பானை பெரியது, பிரிட்ஜில் இருந்து எடுத்த பால். கொதிக்கிற வழியாக இல்லை. பேசக் கூடாது என்று நான் சொல்லவில்லை, ஆனாலும் ஒருத்தரும் பேசவில்லை. அத்தானால் மட்டும் முடியவில்லை. "மாப்ளே, சிலிண்டர் தொறந்திருக்கா?" என்றார். தீ எரிந்துகொண்டிருந்தது. கடைசியில் ஒரேயடியாகப் பொங்கி, வழிந்து, அடுப்பை அணைத்தது. அக்கா மகள் குலவை போட்டாள். அக்கா ஒரு டம்ளரில் ஊற்றி முதலில் என்னிடம் நீட்டினாள். நாக்கு வெந்தது. சொல்லவில்லை.

ரயில் சேனலில்தான் போட வேண்டும் என்று அக்கா பிடிவாதம் பிடித்தாள். போட்டேன். மூன்று சட்டத்தில் ஒன்று போயிற்று. இரண்டு மிச்சம் இருக்கிறது. எஞ்சின் எப்போது வரும் என்று ஒருவர் கமெண்டில் கேட்டிருக்கிறார். மீட்டர் கேஜ்காரரும் முழுசாகப் பார்த்திருக்கிறார் போல, பானை பித்தளை இல்லை, வெண்கலம் என்று எழுதியிருக்கிறார். தப்பு. பித்தளைதான்.

நானும் ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். ட்ரைபாட் ஒரு கால் மிதியடி மேல் நின்றதால் படம் லேசாகச் சாய்ந்திருக்கிறது. பதினோராவது நிமிஷத்தில், பால் விளிம்புக்கு வருகிற நேரம், அத்தான் குறுக்கே வந்து கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். பால் பொங்குவதே தெரியவில்லை. அவர் முதுகும், அதற்கு இந்தப் பக்கம் என் பாதி முகமும்தான் தெரிகிறது. அதை வெட்டவில்லை.