இது சட்னி இல்லை, பெஸ்டோ

பெஸ்டோ விற்பவர் தன் நேரத்தில் கால்வாசியை அதை விற்பதற்கும், முக்கால்வாசியை அது சட்னி இல்லை என்று சொல்வதற்கும் செலவிடுகிறார். வீட்டில் எதையாவது அரைத்து, பாட்டிலில் அடைத்து, மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் சக துயரிகளே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரே ஒரு வரி: பேசில் இலை, பூண்டு, ஏதாவது ஒரு பருப்பு, சீஸ், ஆலிவ் எண்ணெய் இவற்றை அரைத்து இத்தாலியர்கள் செய்யும் பச்சை விழுதுதான் பெஸ்டோ. இந்த வரியை ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் குடியிருப்புச் சந்தையில் ஹிந்தியில் சொல்லிவருகிறேன். முழுக்கக் கேட்டுவிட்டு எதிரில் இருப்பவர் தலையை ஆட்டி, "அச்சா, ஹரி சட்னி" என்பார், அதாவது பச்சைச் சட்னி.

இந்தத் தொழிலில் ஃபிலோமினாவும் நானும் கூட்டாளிகள். டில்லி மயூர் விஹாரில் ஒரே கட்டடம். அவள் கீழ்வீடு, நான் மூன்றாவது மாடி. அவள் பாளையங்கோட்டைக்காரி, ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். நான் மத்திய அரசில் மொழிபெயர்ப்பாளராக இருந்து, பிறர் எழுதிய வாக்கியங்களைத் திருத்தித் திருத்தியே ஓய்வு பெற்றேன். திருத்தும் பழக்கம் மட்டும் ஓய்வு பெறவில்லை.

ஃபிலோமினாவின் கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகன் எட்வின் புனேயில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். அம்மா வீட்டைக் காலி செய்துவிட்டுத் தன்னோடு வந்துவிட வேண்டும் என்று வாராவாரம் போன் செய்வான். "எனக்கு இங்க யாவாரம் இருக்குல" என்பதுதான் அவளுடைய ஒரே பதில். ஆகவே எங்கள் பெஸ்டோ விற்றாக வேண்டும். அவள் போய்விட்டால், நான் திருத்துவதற்குத் தமிழ் பேசுகிற ஆள் இந்தக் கட்டடத்தில் ஒருவர்கூட மிஞ்ச மாட்டார்.

சர்பத்தில் மிஞ்சியது

நாங்கள் திட்டம் போட்டுத் தொழில் தொடங்கியவர்கள் இல்லை. கோடையில் நன்னாரி சர்பத்தில் போடுவதற்காக ஃபிலோமினா ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் சப்ஜா விதை வாங்கினாள். மிஞ்சியதை மொட்டைமாடித் தொட்டிகளில் கொட்டினாள். மழை பெய்ததும் அது காடாக எழும்பி, தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் வழியை மறைத்தது. இலையைக் கசக்கினால் சோம்பும் கிராம்பும் கலந்த மாதிரி ஒரு வாசனை. நான் இரண்டு அகராதிகளோடு மாடியேறிச் செடியை அடையாளம் கண்டேன். சப்ஜா என்பது பேசிலின் விதையேதான். செடிக்குத் தமிழில் திருநீற்றுப்பச்சிலை என்று பெயர். இத்தாலியர்களின் பேசிலுக்கு இலை அகலம், வாசனையும் கொஞ்சம் வேறு. ஆனால் இத்தாலியர் யாரும் எங்கள் மொட்டைமாடிக்குத் துணி காயப்போட வருவதில்லை.

எனக்கு ஒரு தயக்கம் மட்டும் இருந்தது. ஃபிலோமினா ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகும் கத்தோலிக்கப் பெண். திருநீறு என்று தொடங்கும் பெயர் அவளுக்குச் சங்கடமாக இருக்குமோ? அதனால் பீடிகை போட்டு, தாவரங்களுக்கு மதம் கிடையாது என்று தொடங்கி, பெயர்கள் உருவாகும் விதத்தைப் பற்றிச் சற்று நீளமாகவே பேசினேன். அவள் இலை கிள்ளுவதை நிறுத்தவே இல்லை. "எங்களுக்கும் வருசத்துக்கு ஒருநாள் திருநீற்றுப் புதன் உண்டுக்கா. இப்ப நீங்க பேசப் போறீங்களா, இலை பறிக்கப் போறீங்களா?"

யார் வீட்டுக் கல்யாணம்?

அசல் பெஸ்டோவில் பைன் மரத்துப் பருப்பு சேர வேண்டும். அதே இனத்தைச் சேர்ந்த பருப்புதான் டில்லிக் கடைகளில் சில்கோஸா என்ற பெயரில் கண்ணாடிப் பெட்டிக்குள் வீற்றிருப்பது. அசல் செய்முறையிலிருந்து அணுவளவும் விலகக் கூடாது என்பது என் கட்சி. கையில் இருப்பதைப் போட்டு அரைக்க வேண்டும் என்பது ஃபிலோமினாவின் கட்சி. என் கட்சியின் சார்பில் உலர்பழக் கடைக்குப் போய், "சில்கோஸா அரைக் கிலோ" என்றேன்.

கடைக்காரர் எடை போடவில்லை. எழுந்து நின்றார். என்னை உட்காரவைத்து, உள்ளே குரல் கொடுத்து டீ வரவழைத்தார். விலையைச் சொன்னதும் நானும் எழுந்து நின்றேன். முந்திரி கால் கிலோ போதும் என்று மெல்லிய குரலில் சொன்னபோது, டீயைத் திருப்பிக் கேட்க முடியாத வருத்தத்தோடு அவர் சொன்னார்: "நான் உங்க வீட்ல கல்யாணம்னு நெனச்சுட்டேன், மேடம்."

மிக்ஸி டாக்டர்

சீஸைத் துருவித்தான் போட வேண்டும் என்று நான் சொன்னதை நானே கேட்கவில்லை. கட்டியாகப் போட்டேன். மிக்ஸி ஒரு முறை முனகி, புகை விட்டு, நின்றது. தெருமுனையிலிருக்கும் பழுதுபார்ப்புக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். மெக்கானிக் ஜாரைத் திறந்து பார்த்தார், முகர்ந்தார், பச்சைக் குழம்பிலிருந்து ஒரு மஞ்சள் கட்டியை ஸ்க்ரூடிரைவரால் வெளியே எடுத்தார். ஃபிலோமினா, சர்ஜன் எதிரில் நிற்கும் நர்ஸைப் போலத் துணியை நீட்டினாள். கட்டியை அதில் வைத்துவிட்டு அவர் கேட்டார்: "மேடம், சோப்பை எதுக்கு அரைச்சீங்க?"

இருமலுக்குத் தனி பாட்டில்

எதிர்க் கட்டடத்து சுஷ்மாஜி எங்கள் மேஜைக்கு முதலில் சண்டை போடத்தான் வந்தார். துளசியை அரைத்துப் பூண்டோடு கலந்து விற்பது பாவம் என்றார். நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். இது துளசி இல்லை, துளசிக்கு ஒன்றுவிட்ட தங்கை, குடும்பம் ஒன்று, குணம் வேறு, கோயிலுக்குள் இதற்கு வேலை இல்லை என்று விளக்கினேன். பின்னால் காத்திருந்த இரண்டு பேர் போய்விட்டார்கள். ஃபிலோமினா என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். கடைசியில் சுஷ்மாஜி, "குடும்பம் ஒண்ணுதானே?" என்று கேட்டு ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. அறிவியல் ஜெயித்தது என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு திரும்பி வந்தார். இருமலுக்கு மருந்தாகக் காலையும் மாலையும் இரண்டு ஸ்பூன் எடுத்து, வெந்நீரில் கலக்கிக் குடித்திருக்கிறார். ஃபிலோமினா நர்ஸாக மாறி நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாள். நான் பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் பையைத் திறந்தேன். சுஷ்மாஜி என் கையைத் தடுத்துவிட்டு ரகசியக் குரலில் சொன்னார்: "இருமல் அப்படியேதான் இருக்கு. ஆனா இந்தப் பூண்டு வாசனைக்கு மருமக சண்டை போடக்கூடப் பக்கத்துல வர்றதில்ல. இன்னொரு பாட்டில் குடுங்க."

புளி இல்லாத வழக்கு

அடுத்த பிளாக்கில் ராகவன் சார் இருக்கிறார். தணிக்கைத் துறையில் இருந்தவர். எதையும் இரண்டு முறை பார்ப்பவர். பாட்டிலை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது துவையல்தானே?" என்றார். துவையல் வேறு, பெஸ்டோ வேறு என்று அழுத்தமாகச் சொன்னேன். அவர் நம்பவில்லை. ஆதாரத்தோடு வருகிறேன் என்று சவால் விட்டு வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டினேன்.

ஆதாரம் கிடைத்தது, அவருக்குச் சாதகமாக. பெஸ்டோ என்ற இத்தாலியச் சொல்லுக்கு இடித்தது, நசுக்கியது என்று பொருள். துவைத்தல் என்றாலும் இடித்தல், நசுக்குதல் என்றுதான் அகராதி சொல்கிறது. கடல்கள் பல கடந்து இருக்கும் இரண்டு மொழிகள், ஒன்றையொன்று கேட்காமல், ஒரே வேலைக்கு ஒரே மாதிரி பெயர் வைத்திருக்கின்றன. தோற்றாலும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஒப்புக்கொள்வதுதான் நேர்மை என்று அவர் வீட்டுக்கே போய், நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ராகவன் சார் பொறுமையாகக் கேட்டார். இதற்கிடையில் அவர் பாட்டிலைத் திறந்து ருசி பார்த்திருந்தார். "நீங்க சொல்றது சரியா இருக்கலாம். ஆனா இதுல புளி இல்லையேம்மா, இத எப்படித் துவையல்னு சொல்றது?"

லேபிள்

இருந்தாலும் கண்டுபிடித்ததை வீணாக்க எனக்கு மனம் வரவில்லை. புதிய லேபிளில் பெரிய எழுத்தில் 'துவையல்' என்று தமிழில் போட்டேன். டில்லியில் பிறந்த நம் பிள்ளைகள் நாலெழுத்துத் தமிழ் படிக்கட்டுமே என்ற நல்லெண்ணமும் சேர்ந்திருந்தது. "விக்கிறதுக்கு வழியப் பாருங்கக்கா, எட்வின் கேட்டா நான் என்ன சொல்லுவேன்?" என்றாள் ஃபிலோமினா.

காலேஜுக்குப் போகும் ஒரு தமிழ்ப் பெண் வந்து நின்றாள். லேபிளில் விரல் வைத்து, து, வை, ய, ல் என்று கூட்டிப் படித்தாள். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பொருள் புரிகிறதா என்று கேட்டேன். புரிகிறதே என்று சந்தோஷமாகத் தலையாட்டி, பாட்டிலைக் குலுக்கிப் பார்த்தாள். "ஆன்ட்டி, இது கலர் கப்டாவுக்கும் போடலாமா, இல்ல வெள்ளைக்கு மட்டுமா?"

எட்வின் வந்த ஞாயிறு

நவம்பரில், புகை மூட்டம் கொஞ்சம் விலகிய ஒரு வார இறுதியில் எட்வின் வந்து இறங்கினான். "சண்டே உன் ஷாப்பைப் பாக்கறேன்மா, அப்புறம் ஃபைனலா பேசலாம்" என்று முன்பே சொல்லியிருந்தான். அந்த ஃபைனலைக் கேட்டதிலிருந்து ஃபிலோமினா வழக்கத்தைப்போல இரண்டு மடங்கு அரைத்து வைத்தாள். பேச்சு வெகுவாகக் குறைந்துவிட்டது. நான் ஒரு வாக்கியத்தைத் திருத்தியபோதுகூடச் சண்டைக்கு வரவில்லை. அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது.

எனவே நான் ஒரு சிறு ஏற்பாடு செய்தேன். மோசடி என்பது கடுமையான சொல். வரவேற்புக் குழு என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்வின் மேஜைக்குப் பக்கத்தில் நிற்கும்போது ஆவலாக வந்து வாங்க வேண்டும் என்று சுஷ்மாஜியையும் ராகவன் சாரையும் கேட்டுக்கொண்டேன். சுஷ்மாஜியை இருமல் படுக்க வைத்துவிட்டது. ராகவன் சார் சொன்ன நேரத்துக்குச் சரியாக வந்தார். பாட்டிலை எடுத்தார். எட்வினைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் பிறர் கணக்கில் பொய்யைத் தேடியவருக்குச் சொந்தமாக ஒன்று சொல்ல வரவில்லை. "தம்பி, நானா வரல. இந்தம்மா வரச் சொன்னாங்க" என்றார். எட்வின் அம்மாவைப் பார்த்தான். ஃபிலோமினா என்னைப் பார்த்தாள். நான் பாட்டில்களை நேராக அடுக்கினேன். அதற்குப் பிறகு வெகுநேரம் யாருமே வரவில்லை.

அப்போது பக்கத்து மேஜையில் ஆலு டிக்கி என்ற உருளைக்கிழங்கு வடை போடும் பப்லு பையா எட்டிப் பார்த்தார். அவருடைய பச்சைச் சட்னி தீர்ந்துவிட்டது, வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள். "தீதி, உங்க ஹரி சட்னி ஒரு பாட்டில் குடுங்க, ஜல்தி!" இது சட்னி இல்லை என்று நான் வாயைத் திறப்பதற்குள் ஃபிலோமினா மூடியைத் திறந்துவிட்டாள். பொரிந்துகொண்டிருந்த டிக்கியின் மேல் பெஸ்டோ விழுந்தது. அதன் மேல் இனிப்புப் புளிச் சட்னியும், அதன் மேல் தயிரும் விழுந்தன. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். முதல் ஆள் தின்றுவிட்டு இன்னொரு தட்டு கேட்டார். பிறகு எங்களிடம் வந்து பாட்டிலாகவே கேட்டார். அவர் மனைவியும் வந்தார். டிக்கி வரிசை மெல்ல வளைந்து எங்கள் பக்கம் திரும்பியது.

ஃபிலோமினா புடவையை இழுத்துச் செருகினாள். "ஏல எட்வின், கையக் கழுவிட்டு வா. அந்தப் பெட்டியப் பிரி. மூடிய உள்பக்கம் தொடாத, எத்தன தடவ சொல்லுதேன்! பப்லு பையா, இன்னொண்ணு வருது, ருக்கோ. அக்கா, நீங்க சில்லறை மட்டும் குடுங்க, விளக்கம் குடுக்காதீங்க." எட்வின் மாடிக்கும் மேஜைக்கும் ஓடினான். இலை ஆய்ந்தான், பூண்டு உரித்தான், வாங்க வந்தவர்களிடம் என்னைவிட நல்ல ஹிந்தியில் அது ஹரி சட்னிதான் என்று உறுதி கூறினான்.

இருட்டத் தொடங்கியபோது பெட்டிகள் காலி. ஃபிலோமினா அடுத்த ஞாயிற்றுக்குச் சொல்லிவைக்க வந்தவர்களோடு இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். எட்வின் முழங்கைவரை பச்சையாக, புல்வெளி ஓரத்தில் நின்று, பப்லு பையா கொடுத்த ஆறிப்போன டிக்கியை அவசர அவசரமாகத் தின்றுகொண்டிருந்தான். நான் பக்கத்தில் போய், "ஃபைனலா என்னப்பா முடிவு பண்ணினே?" என்று கேட்டேன். வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு, தூரத்தில் நின்ற அம்மாவைப் பார்த்தபடியே சொன்னான்: "காலைலேர்ந்து அம்மா என்னைச் சாப்பிட்டியான்னு ஒரு தடவைகூடக் கேக்கலை, ஆன்ட்டி. இவங்களுக்கு சச்முச் பிஸினஸ் இருக்கு."

சக துயரிகளே, ஒரு வியாபாரம் நிஜமாகவே நடக்கிறது என்று நிரூபிக்க வரவு செலவுக் கணக்கு எதுவும் தேவையில்லை, சொந்தப் பிள்ளை ஒருநாள் பட்டினி கிடந்தால் போதும்.