பதினோரு கதவுகள்

யாரோ சொல்லிக் கேட்ட கதை இல்லை இது. என் வீட்டு வாசலில் நடந்தது. கதவுக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். சந்தேகம் இருந்தால் என் மனைவி அக்னஸைக் கேளுங்கள். அவளுக்கு இப்போது என்னோடு பேச்சு குறைவு, ஆனால் கேட்டால் மறைக்க மாட்டாள்.

என் பெயர் மதலைமுத்து. வலங்கைமானுக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர். பதினெட்டு வருடமாக எங்கள் தெரு மாதா கோயிலுக்கு நான்தான் உபதேசியார். பங்குச் சாமியார் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார். மற்ற நாளெல்லாம் ஜெபம் நடத்துவது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லித் தருவது, சாவு வீட்டில் ஆறுதல் சொல்வது எல்லாம் என் வேலை. கடவுள் இரக்கமுள்ளவர், அவரை நம்புகிறவனுக்குப் பயம் எதற்கு என்று மைக்கைப் பிடித்துக்கொண்டு எத்தனை தடவை கேட்டிருப்பேன்! எனக்கே கணக்குத் தெரியாது.

மூன்று வருடத்துக்கு முன்னால், நவம்பர் மாதம். பத்து நாள் விடாத மழை. வாய்க்கால் உடைந்து சம்பா நட்ட வயலெல்லாம் ஏரி மாதிரி நின்றது. நட்டு இருபது நாள் ஆன பயிர் தண்ணீருக்கு அடியில் அழுகிக் கிடந்தது. கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. அந்தப் பத்து நாளில் எங்கள் தெருவில் இரண்டு சாவு. ஒருவருக்குப் பாம்பு கடித்தது. ஒரு பையன் அறுந்து கிடந்த கம்பியை மிதித்துவிட்டான். தினமும் கோயிலில் கூடி ஜெபமாலை சொன்னோம். பதினோராம் நாளும் மழை பெய்தது.

அப்போதுதான் பக்கத்து ஊரில் குறி சொல்கிறவர் ஒருவர் சொன்னதாக ஒரு பேச்சு வந்தது. நம் தெருவில் ஒருத்தி ராத்திரியில் நடக்கிறாளாம். தெரிந்த குரலில் பெயர் சொல்லிக் கூப்பிடுவாளாம். குழந்தை அழுகிற சத்தத்தைக் காட்டி வெளியே வரவைத்துக் கொண்டுபோய்விடுவாளாம். இரண்டு தடவைதான் கூப்பிடுவாளாம், மூன்றாவது குரல் வந்தால்தான் அது மனிதராம். கதவில் 'நாளை வா' என்று எழுதி வைத்தால் படித்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவாளாம்.

பேய் எழுத்துக் கூட்டிப் படிக்கும் என்று முழுத் தெருவும் நம்பியது. ஞானஸ்நானம் வாங்கிய தெரு! படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில் என்பார்கள். எங்களுக்கென்றே சொன்னது போலிருக்கிறது.

இதில் பெரிய வெட்கம் என்னுடையது. தெருவில் கையெழுத்து நன்றாக இருப்பது எனக்கு. கோயில் அறிவிப்புப் பலகை எழுதுகிற கை. "நீங்களே எழுதிடுங்க உபதேசியாரே" என்றார்கள். மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. கல்லறைத் திருநாளுக்குக் கல்லறைகளுக்கு அடித்த வெள்ளை பெயின்ட் அரை டப்பா மீதி இருந்தது. அதைத் தொட்டு, கதவுகளில் இருந்த சிலுவைக்குக் கீழேயே, 'நாளை வா' என்று எழுதினேன். மொத்தம் பதினோரு வீடு. என் வீடும் சேர்த்து.

பன்னிரண்டாவது வீடு ஜாஸ்லினுடையது. தெருவை விட்டுத் தள்ளி, வயலை ஒட்டி, மண் சுவர் வீடு. கணவன் ஜோஸ்வா குவைத்தில். அவளும் எட்டு மாதப் பெண் குழந்தையும்தான். உறவு முறையில் எனக்கு மகள். நான் டப்பாவோடு போனதும் சிரித்தாள்.

"எங்க வீட்டுல வேணாம் சித்தப்பா."

"எல்லாரும் எழுதிட்டாங்கம்மா."

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயி. ஆண்டவர் பாத்துக்குவாரு. நீங்க போய்ட்டு வாங்க."

எனக்குக் கோபம் வந்தது. நான் சொல்ல வேண்டியதை அவள் சொல்லிவிட்டாள் என்ற கோபம். சுவர் நனைந்து ஊறியிருந்ததைப் பார்த்தேன். 'எங்கள் வீட்டில் வந்து படுத்துக்கொள்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாமல் டப்பாவை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று ராத்திரிதான்.

ஒன்பது ஐம்பதுக்கு வயல் பக்கம் 'தொப்' என்று ஒரு சத்தம். செல்போனில் மணி பார்த்ததால் நினைவிருக்கிறது. மரம் விழுந்திருக்கும் என்றேன். அக்னஸ் தலையாட்டினாள். படுத்துவிட்டோம்.

சரியாக ஒரு மணிக்கு மழை நின்றது. பத்து நாளுக்கு மேலாகக் கேட்ட சத்தம் சட்டென்று நின்றதும் இரண்டு பேரும் விழித்துக்கொண்டோம். தவளைச் சத்தம் இல்லை. எங்கள் தெரு நாய்கள் இலை அசைந்தாலும் குரைக்கும். அன்று ஒன்றுகூடக் குரைக்கவில்லை.

தூரத்தில்... குழந்தை அழுகிற சத்தம்.

மெல்லிய சத்தம். எதற்கோ அடியிலிருந்து வருவது போல.

ஒன்று பத்து.

தட்... தட்...

எங்கள் கதவுதான். ஆனால் தட்டிய இடம் சரியில்லை. ஆள் நின்று தட்டினால் தாழ்ப்பாள் உயரத்தில் கேட்கும். இது கீழே கேட்டது. முழங்கால் உயரத்தில்.

"சித்தப்பா..."

அக்னஸ் என் கையைப் பிடித்தாள். "ஏங்க, நம்ம ஜாஸ்லின் குரலுங்க."

"பேசாம இரு."

"புள்ள அழுவுது, கேக்கலையா உங்களுக்கு?"

"அதத்தான் காட்டும். அழுகையக் காட்டித்தான் கூப்பிடும்."

வாசலில் நிற்கிறவள் ஜாஸ்லின் என்றால் குழந்தை அவள் இடுப்பில் இருக்க வேண்டும். அழுகை வயல் பக்கம் கேட்கிறது. குரல் வாசலில் கேட்கிறது. எட்டு மாதக் குழந்தையைத் தனியாக விட்டுவிட்டு எந்தத் தாய் வருவாள்? எனக்கு எல்லாம் விளங்கிவிட்டதாக நினைத்தேன்.

"சித்தப்பா..."

இரண்டாவது தடவை.

அக்னஸ் எழுந்தாள். நான் முந்திக்கொண்டு போய்க் கதவில் முதுகைக் கொடுத்து நின்றேன். என் முழங்காலுக்குப் பின்னால், பலகைக்கு அந்தப் பக்கம், தட்... தட்... என்று அதிர்ந்தது. ஈர மண் வாசனை வந்தது. கதவுக்கு அடியில் சேற்றுத் தண்ணீர் கசிந்து என் காலை நனைத்தது.

அவ்வளவு ஜில்லென்ற தண்ணீரை நான் தொட்டதில்லை.

மூன்றாவது தடவையும் கூப்பிட்டது.

"சித்தப்பா..."

மூன்றாவது குரல் வந்தால் மனிதர். அவர்கள் சொன்ன விதிப்படியே திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. ஆகவே விதிமேல் பழி போட மாட்டேன். எனக்குப் பயம். அவ்வளவுதான்.

ஜெபமாலை கையில் இருந்தது.

வாயில் ஜெபம் வரவில்லை.

"நாளை வா... நாளை வா..." என்றுதான் வந்தது.

வெளியே தட்டுவது நின்றது.

பிறகு, பலகையில் வாயை வைத்துப் பேசுவது போல...

"நாளைக்குன்னா புள்ள இருக்காது சித்தப்பா."

அக்னஸ் அழுதாள்.

நான் நகரவில்லை.

ஏதோ இழுபடும் சத்தம். அடுத்த வீடு.

தட்... தட்...

திறக்கவில்லை.

அதற்கடுத்த வீடு.

தட்... தட்...

எண்ணினேன்.

ஐந்து... எட்டு... பதினொன்று.

ஒரு தாழ்ப்பாள்கூடச் சத்தம் போடவில்லை.

கொஞ்ச நேரத்தில் குழந்தை அழுகையும் நின்றது. ஒரு மணி ஐம்பத்தைந்து. 'போய்விட்டது' என்று நான் மூச்சு விட்டேன். அந்த மூச்சை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

விடிந்து ஐந்து நாற்பதுக்குக் கதவைத் திறந்தேன். அதன் வெளிப்பக்கம், முழங்கால் உயரத்தில், சேறாகப் பதிந்த கை. ஐந்து விரலும் தெளிவாக இருந்தன. தெருவைப் பார்த்தேன். எல்லா வீட்டிலும் ஆட்கள் வாளியும் துணியுமாக வாசலில் குனிந்து கதவைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நானும் போய் வாளி எடுத்து வந்தேன். அக்னஸ் நிலைப்படியில் உட்கார்ந்து, "அதையாவது விட்டு வைங்க" என்றாள். நான் துடைத்தேன்.

ஆறரைக்குப் பால்காரர் சொல்லித்தான் தெரியும். ஜாஸ்லின் வீட்டுச் சுவர் விழுந்துவிட்டது. ஓடினோம். இளவட்டங்கள் கடப்பாறையால் சுவரைப் புரட்டினார்கள். குப்புறக் கிடந்தாள். இரண்டு கைகளும் நெஞ்சுக்கு அடியில், சுவர் பாரத்தில் நசுங்கியிருந்தன. பக்கத்தில் உடைந்து கிடந்த சுவர்க் கடிகாரம் ஒன்பது ஐம்பதில் நின்றிருந்தது. விழுந்த அந்த நொடியிலேயே உயிர் போயிருக்கும் என்று அறுத்துப் பார்த்த டாக்டரும் பிறகு சொன்னார்.

கதவுகளில் பதிந்தது எந்தக் கை என்று எனக்குத் தெரியாது. இன்றுவரை யாராலும் சொல்ல முடியவில்லை. வாசலில் வந்தது உயிருள்ள ஆள் இல்லை என்று நான் நினைத்தேனே, அது மட்டும் சரி. மற்ற எல்லாம் தப்பு. அவள் யாரையும் கொண்டுபோக வரவில்லை. ஒரு உயிரைக் காப்பாற்ற ஆள் தேடி வந்தாள். செத்தவளுக்கு இருந்த இரக்கம் உயிரோடு இருந்த எங்களுக்கு இல்லை. எங்கள் தெரு என்ன சொன்னது தெரியுமா? "அவ கதவுல எழுத விடல, அதான்" என்றது.

குழந்தை பிழைத்துவிட்டது. இரும்புக் கட்டிலுக்கு அடியில் கிடந்ததால் தப்பியது. இடது காலை மட்டும் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. "ஒரு மணி நேரம் முன்னாடி கொண்டு வந்திருந்தா காலக் காப்பாத்தியிருக்கலாம்" என்று மன்னார்குடி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அந்த ஒரு மணி நேரம் எங்கே போனது என்று அங்கே தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

ராத்திரியே கொண்டுபோய்ச் சேர்த்தவர் பக்கீர் முகம்மது. வாய்க்கால் பாலத்துக்கு அந்தப் பக்கம் தனியாகக் குடியிருக்கும் மீன் வியாபாரி. இடுப்பளவுத் தண்ணீரில் குழந்தையைத் தலைமேல் தூக்கிக்கொண்டு ரோடு வரைக்கும் நடந்திருக்கிறார். அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அவரைப் பார்த்தேன். சட்டையெல்லாம் காய்ந்த சேறு. என்னைக் கண்டதும் எழுந்து வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உபதேசியாரே, நான் சொன்னா நம்புவீங்களா தெரியல. ராத்திரி ரெண்டு மணிக்கு வாசல்ல 'பாய்'னு குரல். ஒரே குரல்தான். தொறந்தேன். ஜாஸ்லின் நிக்குது. தலையெல்லாம் மண்ணு. 'புள்ள கட்டிலுக்கு அடியில கெடக்கு'ன்னுச்சு. டார்ச் எடுக்க உள்ள போய்ட்டு வந்தா ஆளக் காணும்."

நான் அவர் சட்டைச் சேற்றையே பார்த்தேன்.

"டார்ச் எடுக்கப் போறப்பவே கேட்டேன். இம்மாந் தூரம் வந்தியேம்மா, உங்க தெருவுல யாரையாச்சும் எழுப்பக் கூடாதான்னு."

"என்ன சொன்னா?"

பாய் என் முகத்தைப் பார்த்தார்.

"'எல்லா வீட்டுலயும் தட்டிப் பாத்துட்டேன் பாய்... அங்க உசுரோட யாருமே இல்ல'ன்னுச்சு. நீங்கள்லாம் எங்க போயிருந்தீங்க?"

வெள்ள நிவாரண முகாமுக்குப் போயிருந்தோம் என்று சொன்னேன். பாய் அதை நம்பினார்.